நோய்ப் படுக்கையில் பிறந்த சிரிப்பு

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கொக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் ஆமை தலை நீட்டுவதையும் பார்த்திருப்பீர்கள். இந்தக் கொக்கையும் ஆமையையும் ஒன்றாக ஒட்டிவிட்டால் என்ன ஆகும்?

கொக்காமை ஆகும்!

இப்படி ஒரு பிராணி உலகத்தில் எங்கும் கிடையாது. ஆனால் வங்காளத்துக் குழந்தைகளுக்கு 100 ஆண்டுகளுக்கு மேலாக அது நன்கு பழக்கம். அதைப் படைத்தவர் சுகுமார் ரே. உலகப் புகழ் பெற்ற சினிமா டைரக்டர் சத்யஜித் ரேயின் தந்தை.

குழந்தைகளை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவர் அவர். ஆனால் அவருடைய வாழ்க்கை 35 வயதிலேயே முடிந்துவிட்டது.

கதை சொல்லும் குடும்பம்

சுகுமார் ரே 1887-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். அந்த ஊர்தான் இன்றைய கொல்கத்தா.

தந்தை பெயர் உபேந்திர கிஷோர் ரே. அவர் கதை எழுதுவார். படம் வரைவார். பிடில் வாசிப்பார். அச்சுத் தொழிலிலும் பெரிய கெட்டிக்காரர்.

பத்திரிகையில் வரும் போட்டோவைப் பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், அது முழுவதும் சின்னஞ்சிறு புள்ளிகளாகத் தெரியும். புள்ளிகள் பெரிதாக இருக்கும் இடம் கறுப்பாகத் தோன்றும். சிறிதாக இருக்கும் இடம் வெளுப்பாகத் தோன்றும். இப்படி அச்சிட உதவும் தகட்டுக்கு ஹாப்டோன் பிளாக் என்று பெயர். அந்த பிளாக்கைத் தெளிவாகச் செய்வது எப்படி என்று உபேந்திர கிஷோர் ஆராய்ந்தார். அவருடைய கட்டுரைகள் லண்டன் அச்சுத் தொழில் மலரில் வெளிவந்தன.

அந்த வீட்டில் ஆறு குழந்தைகள். சுகுமார் இரண்டாவது பிள்ளை. தந்தையிடம் பிராணிகளின் படங்கள் நிறைந்த பெரிய புத்தகம் ஒன்று இருந்தது. அதைப் புரட்டிக்கொண்டே சிறுவன் சுகுமார் உடன் பிறந்தவர்களுக்குக் கதை சொல்வான். புத்தகத்தில் இல்லாத பிராணிகளும் அந்தக் கதைகளில் வரும்!

படிப்பும் விளையாட்டும்

சுகுமார் கல்லூரியில் படித்தது விஞ்ஞானம். 1906-ல் பௌதிகம், ரசாயனம் இரண்டிலும் பட்டம் பெற்றார்.

விஞ்ஞானம் படித்தாலும் விளையாட்டுப் புத்தி போகவில்லை. நண்பர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். அதற்கு அசட்டுச் சங்கம் என்ற பொருளில் இங்கிலீஷில் பெயர் வைத்தார். சங்கத்துக்காக நகைச்சுவை நாடகங்கள் எழுதினார். கையெழுத்துப் பத்திரிகை ஒன்றும் நடத்தினார்.

1911-ல் உபகாரச் சம்பளம் கிடைத்தது. கப்பல் ஏறி இங்கிலாந்து சென்றார். லண்டனிலும் மான்செஸ்டரிலும் அச்சுத் தொழில் படித்தார். 1913-ல் ஊர் திரும்பினார். அந்த ஆண்டின் கடைசியில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி பெயர் சுப்ரபா.

இனிப்பும் செய்தியும்

அதே 1913-ல் உபேந்திர கிஷோர் குழந்தைகளுக்காக ஒரு மாதப் பத்திரிகை தொடங்கியிருந்தார். அதன் பெயர் சந்தேஷ். வங்காளி மொழியில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, செய்தி. மற்றொன்று, பாலைத் திரித்துச் செய்யும் இனிப்பு. செய்தியும் வேண்டும், அது இனிக்கவும் வேண்டும் என்பது போல அந்தப் பெயர் அமைந்தது.

1915-ம் ஆண்டு டிசம்பரில் உபேந்திர கிஷோர் காலமானார். பத்திரிகையின் பொறுப்பு சுகுமாரின் தோளில் விழுந்தது. அச்சகத்தையும் அவர் கவனிக்க வேண்டியிருந்தது. கதை, பாட்டு, விஞ்ஞானக் கட்டுரை என்று மாதா மாதம் எழுதினார். படங்களையும் தாமே வரைந்தார்.

கிச்சடிப் பிராணிகள்

சுகுமாரின் பாட்டு ஒன்றுக்குப் பெயர் கிச்சடி. அரிசியும் பருப்பும் கலந்து கிச்சடி செய்வது போல அவர் பிராணிகளைக் கலந்தார். கொக்காமை பிறந்தது அந்தப் பாட்டில்தான். வாத்தும் முள்ளம்பன்றியும் அதில் ஒட்டிக்கொண்டன. யானையும் திமிங்கிலமும் ஒன்றாயின. திமிங்கிலத்துக்குக் கடலுக்குப் போக ஆசை. யானைக்குக் காட்டுக்குப் போக ஆசை. உடம்போ ஒன்று! பாவம், எங்கே போகும்?

நம் கோயில் தூண்களில் யாளி உண்டு. சிங்கமும் யானையும் கலந்த உருவம். அதைக் கண்டால் பயம் வரும். சுகுமாரின் பிராணிகளைக் கண்டால் சிரிப்பு வரும்.

கருங்காய்ச்சல்

1921-ம் ஆண்டு மே 2-ந் தேதி சுகுமாருக்கு ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் சத்யஜித். அதே ஆண்டில் சுகுமார் நோயில் விழுந்தார்.

அது காலா ஆசார் என்னும் கருங்காய்ச்சல். மணல் ஈ கடிப்பதால் பரவும் நோய். காய்ச்சல் விட்டு விட்டு வரும். மண்ணீரல் வீங்கும். உடம்பு இளைத்து, தோல் கறுக்கும். நல்ல சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் பிழைப்பது அரிது.

அதே கல்கத்தாவில், உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்ற டாக்டர் அந்த நோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். நல்ல மருந்தைக் கண்டும் பிடித்தார். பின்னாளில் அது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் சுகுமார் படுக்கையில் கிடந்தபோது, அந்த மருந்து எல்லோருக்கும் கிடைக்கும் நிலை வரவில்லை.

தமக்கு வந்த நோய் எப்படிப்பட்டது என்று சுகுமாருக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. படுத்தபடியே எழுதினார். படம் வரைந்தார்.

1922-ல் சந்தேஷ் பத்திரிகையில் ஹ ஜ ப ர ல என்ற கதையை எழுதினார். வியர்வை துடைக்க ஒரு சிறுவன் கைக்குட்டையை எடுக்கப் போகிறான். அது பூனையாகி மியாவ் என்கிறது! அந்தக் கதையில் ஒரு கிழவர் வருகிறார். அவருடைய நாட்டில் யாருக்கும் வயது 40-ஐத் தாண்டாது. 40 ஆனதும் வயதைத் திருப்பிவிடுவார்கள். 39, 38 என்று இறங்கும். 10 ஆனதும் மறுபடி ஏறும். யாரும் கிழவராகி இறக்க வேண்டியதில்லை.

இதை எழுதியவர் 40 வயதைப் பார்க்கவே இல்லை.

ஒன்பது நாட்கள்

தம் வேடிக்கைப் பாட்டுகளையெல்லாம் சேர்த்துப் புத்தகமாக்க சுகுமார் விரும்பினார். பெயர் ஆபோல் தாபோல். தலையும் இல்லாத வாலும் இல்லாத பேச்சு என்று பொருள். எந்தப் பக்கத்தில் எந்தப் படம் வரவேண்டும் என்று அவரே திட்டமிட்டார். அட்டைப் படத்தையும் வரைந்தார். புத்தகத்தின் கடைசிப் பாட்டை மரணம் நெருங்கிய நாட்களில் எழுதினார். சிரிப்புக்கு நடுவே தூக்கம் வந்து பாட்டு முடிவதை அதில் சொன்னார்.

மகாகவி தாகூர் அந்தக் குடும்பத்தின் நண்பர். சுகுமாரிடம் அவருக்கு மிகுந்த அன்பு. கடைசி நாட்களில் அவர் படுக்கை அருகே வந்து உட்கார்ந்து பாடினார்.

1923-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி சுகுமார் ரே காலமானார். ஆபோல் தாபோல் வெளிவந்தது செப்டம்பர் 19-ந் தேதி. இடையில் ஒன்பதே நாட்கள்! ஆசையாக உருவாக்கிய புத்தகத்தை அவர் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

தந்தையைத் தேடிய மகன்

அப்போது சத்யஜித்துக்கு இரண்டரை வயதுகூட ஆகவில்லை. சில ஆண்டுகளில் அச்சகமும் கைவிட்டுப் போயிற்று. பரம்பரை வீட்டையும் விட வேண்டியதாயிற்று. சுப்ரபா குழந்தையுடன் தம் சகோதரர் வீட்டுக்குப் போனார். விதவைப் பெண்களுக்கான பள்ளியில் கைவேலை கற்றுக் கொடுத்து மகனை ஆளாக்கினார்.

தந்தையின் நினைவு மகனுக்கு அதிகம் இல்லை. எழுத்தும் படமும் மட்டுமே மிஞ்சியிருந்தன. அவற்றின் வழியாகவே சத்யஜித் தந்தையை அறிந்துகொண்டார். நின்றுபோயிருந்த சந்தேஷ் பத்திரிகையை 1961-ல் மீண்டும் தொடங்கினார். அதில் தாமும் கதை எழுதினார், படம் வரைந்தார். தாத்தா எழுதிய கதை ஒன்றைச் சினிமாவாக எடுத்தார். 1987-ல் தந்தையின் நூற்றாண்டு வந்தது. அதற்காக அவரைப் பற்றியே ஒரு படம் எடுத்தார்.

சுகுமார் மகனுக்குச் சொத்து எதுவும் சேர்த்து வைக்கவில்லை. சிரிப்பைச் சேர்த்து வைத்தார். 2023-ம் ஆண்டு ஆபோல் தாபோலுக்கு 100 வயது நிறைந்தது. வங்காளத்தில் பிள்ளைகளுக்குத் தாய்மார்கள் அந்தப் பாட்டுகளைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சொல்லும் தாயும் சிரிக்கிறாள். கேட்கும் பிள்ளையும் சிரிக்கிறது.