வல்வில் ஓரி

வல்வில் ஓரி சங்க காலத்தில் கொல்லி மலையையும் அதனைச் சூழ்ந்த நாட்டையும் ஆண்ட குறுநில மன்னன் ஆவான். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக வைத்து எண்ணப்படுபவன். ஆதன் ஓரி என்றும் இவன் அழைக்கப்பட்டான். வல்வில் என்னும் அடைமொழி வலிமை மிக்க வில்லையும் அதனைக் கையாளும் திறனையும் குறிக்கும். ஒரே அம்பினால் ஐந்து விலங்குகளை வீழ்த்தியவன் என்று புறநானூறு இவனைப் போற்றுகிறது. திருக்கோவலூர்ப் பகுதியை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியுடன் நிகழ்ந்த போரில் ஓரி கொல்லப்பட்டான். ஓரியின் கல்வெட்டோ காசோ துணைநிற்காத நிலையில், அவனுடைய வாழ்க்கையைப் புலவர்களின் பாடல்களைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது.

நாடும் காலமும்

கொல்லி மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இன்று நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம் கொண்டது. பலா, தேன், அருவி ஆகியவற்றுக்குச் சங்க காலத்திலேயே பெயர் பெற்றிருந்தது. மலையின் மேற்குப் பக்கத்தில் இருந்ததாகக் கூறப்படும் கொல்லிப்பாவை என்னும் அழகிய உருவத்தையும் புலவர்கள் பலர் குறிப்பிட்டுள்ளனர். கபிலர் குறுந்தொகையின் 100ஆம் பாடலில் இப்பாவையை ஓரியின் பெயருடன் சேர்த்தே பாடியுள்ளார். 199ஆம் பாடலில் பரணர் ஓரியின் காட்டு மணத்தைத் தலைவியின் கூந்தலுக்கு உவமையாக்குகிறார்.

ஓரி வாழ்ந்த ஆண்டுகளைத் துல்லியமாக வரையறுக்க இயலாது. கபிலர், பரணர் ஆகியோர் பாடியிருப்பதைக் கொண்டு, கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்தவன் எனப் பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஓரி என்பது இவனுடைய குதிரையின் பெயராகவும் இருந்தது.

வேட்டை

ஓரியின் புகழுக்கு அடிப்படையானது புறநானூற்றின் 152ஆம் பாடல். இதனைப் பாடியவர் வன்பரணர். பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியில் சென்றபோது வேட்டையாடும் ஒருவனைக் கண்டதாகப் பாடல் அமைந்துள்ளது. அவன் எய்த அம்பு முதலில் யானையை வீழ்த்துகிறது. பிறகு வாய் பிளந்து நின்ற புலியைக் கொல்கிறது, புள்ளிக் கலைமானை உருட்டுகிறது, பன்றியைச் சாய்க்கிறது, இறுதியில் அருகிலிருந்த புற்றின்மேல் உள்ள உடும்பில் சென்று தைக்கிறது.

வேட்டைக்காரன் தன் பெயரைச் சொல்லவில்லை. விலைக்காகக் கொல்பவனைப் போலவும் அவன் தோன்றவில்லை. மாலை தாழ்ந்த மார்பைக் கண்ட பாணர், இவன் ஓரியாக இருக்கக்கூடும் என்று ஐயுறுகின்றனர். தம் இசைக்கருவிகளை முழக்கி, முறைப்படி பாடி, அரசன் என்று விளித்தபோது அவன் நாணி நிற்கிறான். பின்னர் வேட்டையில் கிடைத்த மானின் கொழுத்த இறைச்சியையும் மதுவையும் தருகிறான். தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிக்குவியலையும் அந்தக் காட்டுவழியிலேயே கொடுத்து அனுப்புகிறான். அரண்மனைக்கு வரும்படி கூறாமல், கண்ட இடத்திலேயே கையிலிருந்ததை வழங்கியது இப்பாடலில் குறிப்பிடத்தக்கது. வில்லாற்றலில் தொடங்கும் பாடல் கொடையில் முடிகிறது.

வில்லும் அம்பும்

ஓரி பயன்படுத்திய வில்லின் அமைப்பு பற்றிய விளக்கம் பாடல்களில் இல்லை. மரமும் மூங்கிலும் நாணும் விரைவில் மக்கிவிடும் பொருள்கள். ஆயினும் ஆதிச்சநல்லூர், கொடுமணல் போன்ற இடங்களில் இரும்பு அம்பு முனைகள் அகழாய்வில் கிடைத்துள்ளன. எனவே அக்காலத் தமிழகத்தில் இரும்பு முனை பொருத்திய அம்புகள் வழக்கிலிருந்தன என்பது உறுதி. அம்பின் தண்டு நேராக இருப்பது அதன் முதன்மையான இயல்பு என்பதைத் திருக்குறளும் அறிந்துள்ளது. கூடாவொழுக்கம் அதிகாரத்தில், தோற்றத்தில் நேரான அம்பின் கொடுமையும் வளைந்த யாழின் இனிமையும் ஒப்பிடப்படுகின்றன.

வலிய வில் மட்டும் இருந்தால் அம்பு குறி தப்பாது என்று கொள்ள முடியாது. வில்லும் அம்பும் ஒன்றுக்கொன்று இசைய வேண்டும். எளிய வில்லில் அம்பு வில்தண்டின் பக்கவாட்டில் வைக்கப்படுகிறது. நாண் விடுபடும்போது அம்பின் பின்முனை திடீரென உந்தப்படுவதால் தண்டு சற்று வளைந்து, வில்லைச் சுற்றிச் சென்று, பின் நிமிர்கிறது. தண்டின் விறைப்பு வில்லின் இழுவிசைக்குப் பொருந்தியிருந்தால் அம்பு விரைவில் நேராகும். விறைப்பு மிகுந்தாலும் குறைந்தாலும் அம்பு இலக்கின் ஒரு பக்கமாக விலகும். ஆகவே ஒருவருடைய வில்லுக்கு ஏற்ற அம்பு வேறொருவருடைய வில்லுக்கு ஏற்றதாக இராது.

அகன்ற முனையுடைய வேட்டை அம்பில் இச்சிக்கல் மேலும் பெரிதாகிறது. தட்டையான அலகுகள் முன்பகுதியில் சிறு இறக்கைகளைப் போலக் காற்றைப் பிடிக்கின்றன. அம்பு சிறிது சாய்ந்து பறந்தாலும் முனை அச்சாய்வை மிகுவிக்கும். பின்பகுதியில் கட்டப்படும் இறகுகள் காற்றின் தடையால் வாலை இழுத்துப் பிடித்து அம்பை நேர்படுத்துகின்றன. முனை தண்டின் அச்சிலேயே பொருந்தியிருக்க வேண்டும். அம்பைச் சுழற்றி, முனை தள்ளாடுகிறதா என்று பார்ப்பது இன்றும் பின்பற்றப்படும் எளிய சோதனை. நாணில் அம்பு பொருத்தப்படும் இடம் மேலோ கீழோ மாறினால் அம்பின் வால் மேலும் கீழுமாக ஆடும். நாணை முறுக்கியோ தளர்த்தியோ வில்லுக்கும் நாணுக்கும் இடையிலுள்ள தொலைவையும் சீராக்க வேண்டும்.

இந்த நேர்த்தி குறிக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. வால் ஆடிக்கொண்டே சென்று தைக்கும் அம்பு, தன் ஆற்றலின் ஒரு பகுதியைப் பக்கவாட்டில் இழந்துவிடும். நேராகச் செல்லும் அம்பே ஆழமாக ஊடுருவும். மரவில்லிலிருந்து புறப்படும் அம்பின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர். இத்தகைய அம்பு ஒரு மானை ஊடுருவி மறுபுறம் வெளியேறுவது இயலக்கூடியதே. யானையின் தோல் சில இடங்களில் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் தடிப்புடையது. அதனைக் கொன்று, மேலும் நான்கு விலங்குகளையும் ஓர் அம்பு துளைத்தது என்பதை உயர்வு நவிற்சியாகவே கொள்ள வேண்டும். இராமன் ஒரே அம்பால் ஏழு மராமரங்களைத் துளைத்ததாக இராமாயணம் கூறுவதும் இத்தகையதே.

ஆயினும் வன்பரணர் கூறும் வரிசை கவனிக்கத்தக்கது. மிகப் பெரிய விலங்கில் தொடங்கி மிகச் சிறிய உடும்பில் அம்பு நின்றுவிடுகிறது. ஒவ்வோர் உடலையும் கடக்கும்போது அம்பின் ஆற்றல் குறையும் என்பதைப் புலவர் உணர்ந்திருந்தார் என்று இதனைக் கொள்ள இடமுண்டு. ஊடுருவும் அம்பை எய்வதற்கு வேண்டிய வில்லும், கையும், பயிற்சியும் ஓரியிடம் இருந்தன என்பதே இப்பாடலிலிருந்து பெறக்கூடிய செய்தி.

கொடை

புறநானூற்றின் 153ஆம் பாடலும் வன்பரணர் பாடியதே. ஓரியிடம் சென்ற கூத்தர், வெள்ளி நாரில் தொடுத்த பொற்குவளை மாலையையும் அணிகலன்களையும் யானைகளையும் பெற்றனர். பசி நீங்கிய அவர்கள் ஆடலையும் பாடலையும் மறந்துவிட்டனர் என்கிறார் புலவர். சிறுபாணாற்றுப்படை, ஓரி தன் நாட்டின் ஊர்களைக் கூத்தர்களுக்கு வழங்கியதைக் குறிப்பிட்டு, அவனைக் கடையெழு வள்ளல்களின் வரிசையில் வைக்கிறது.

கழைதின் யானையார் பாடிய 204ஆம் பாடல் வேறு வகையானது. இரத்தல் இழிவு, இல்லை என்பது அதனினும் இழிவு. கொடுத்தல் உயர்வு, கொடுப்பதை மறுப்பது அதனினும் உயர்வு என்று அதில் அவர் கூறுகிறார். பரிசில் கிடைக்காவிட்டாலும் இரவலர் தாம் புறப்பட்ட நேரத்தையும் நிமித்தத்தையும் நொந்துகொள்வரே அன்றி, வள்ளலைப் பழிக்கமாட்டார்கள் என்றும் ஓரியிடம் சொல்கிறார். வள்ளலின் முன் நின்றும் புலவர்கள் தம் மதிப்பைக் குறைத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இப்பாடல் சான்றாகும்.

காரியுடன் போர்

மலையமான் திருமுடிக்காரியும் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். தென்பெண்ணை ஆற்றங்கரையிலுள்ள கோவலூரும் முள்ளூர் மலையும் அவனுக்கு உரியவை. கோவலூர் இன்றைய திருக்கோவிலூர் ஆகும். 2019ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவாகும் வரை அது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. காரி என்னும் குதிரையேறிய காரியும் ஓரி என்னும் குதிரையேறிய ஓரியும் பொருதனர் என்று சிறுபாணாற்றுப்படை கூறுகிறது.

காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என்பது அகநானூற்றின் 209ஆம் பாடலில் கல்லாடனார் தரும் செய்தி. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூரை வென்றதாகப் புறநானூற்றின் 99ஆம் பாடல் கூறுகிறது. அதன்பின் காரி சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையின் துணையை நாடினான் என்றும், அதற்கு ஈடாகவே கொல்லியை வென்று கொடுத்தான் என்றும் ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். பின்னர்த் தகடூரும் இச்சேரனிடம் வீழ்ந்தது. மலை நாடுகளின் தலைவர்கள் தமக்குள் பொருததன் பயனைப் பேரரசு பெற்றது.

வெற்றி பெற்ற காரி ஓரியின் ஊர்ப் பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த பேரொலியை நற்றிணையின் 320ஆம் பாடல் உவமையாகக் கூறுகிறது. இதனைப் பாடிய கபிலர், காரியையும் புறநானூற்றில் புகழ்ந்து பாடியவர். கொன்றவனோடு பழகிய புலவரே, கொல்லப்பட்டவனை வல்வில் ஓரி என்று அவனுக்குரிய அடைமொழியுடன் குறுந்தொகையில் நினைவுகூர்ந்துள்ளார்.

நினைவு

வில்லாற்றலைத் தம் குலப்பெருமையாகக் கொண்ட அரசர்கள் பிற்காலத்திலும் இருந்தனர். விழுப்புரம் மாவட்டம் பனமலையில் பல்லவ மன்னன் இராசசிம்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அது வில்லாசான் துரோணரின் மகனான அசுவத்தாமன் வழியில் பல்லவர் தோன்றியதாகக் கூறுகிறது. பல்லவன் தன் புகழைத் தானே கல்லில் வெட்டுவித்தான். ஓரியின் புகழைக் காட்டுவழியில் அவனிடம் உணவு பெற்ற பாணரின் குரலில் வன்பரணர் நிலைநிறுத்தினார்.

கொல்லி மலையிலுள்ள செம்மேட்டில் ஓரி குதிரையில் அமர்ந்திருக்கும் சிலை உள்ளது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் தமிழ்நாடு அரசு அங்கு வல்வில் ஓரி விழாவை நடத்தி வருகிறது. இராசிபுரம் கைலாசநாதர் கோயிலை எழுப்பியவன் ஓரி என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. ஓரியின் அம்பு வீழ்த்தியதாகப் பாடப்பட்ட விலங்குகளை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது.