மெக்மர்ரேயின் கை

மலர்க்குழு நண்பர்கள் இந்தச் சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். விடுதி மெஸ், பரீட்சைக்கு முந்தின ராத்திரி, கலை விழா பற்றியெல்லாம் எழுத நம்மில் கைதேர்ந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தப் பக்கங்களை அவர்களுக்கே விட்டுவிட்டு, ஒரு பெரிய மருத்துவரின் கதையை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நாம் எல்லோரும் கிளினிக்கல் பரீட்சையில் அவர் பெயரைச் சொல்லி மார்க் வாங்கியவர்கள்தான். ஆனால் அவர் எந்த ஊர்க்காரர், எப்படி வாழ்ந்தார் என்று கேட்டால் பாதிப்பேருக்கு மேல் திருதிருவென்று முழிப்போம். முழங்காலை மடக்கித் திருகி நீட்டிப் பார்க்கிற சோதனைக்குச் சொந்தக்காரரான தாமஸ் போர்ட்டர் மெக்மர்ரேதான் அவர்.

அவர்மேல் எனக்கு ஏன் இந்தக் கரிசனம் என்றால், காரணம் நான் தொழில் பார்க்கிற ஊர். சங்கரன்கோவிலில் எலும்பு மருத்துவம் பார்க்கிறேன். விசைத்தறி ஓடுகிற ஊர். தறிக்காரர்களுக்கு நாள் முழுக்க நின்றே வேலை. சுற்றுக் கிராமங்களில் கபடி ஆடாத இளவட்டம் கிடையாது. ஆடித்தபசு வந்துவிட்டால் ஆடிச்சுற்று வேறு. ஒற்றைக்காலில் தவம் நிற்கிற கோமதி அம்மனின் கால்வலியில் தாங்களும் பங்கு எடுத்துக்கொள்வதாக நம்பி, நூற்றெட்டு சுற்று என்று கணக்கு வைத்துக் கோவிலை வலம் வருவார்கள். ஆக, கால்முட்டுக்கு எங்கள் ஊரில் ஓய்வே இல்லை.

முட்டு வலி என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தை, ஜவ்வு. ஜவ்வு கிழிஞ்சிருச்சு, ஜவ்வு தேஞ்சிருச்சு, ஜவ்வு விலகிருச்சு. ஆனால் முட்டுக்குள்ளே ஜவ்வு என்று அவர்கள் சொல்வது இரண்டு வேறு வேறு பொருள். ஒன்று லிகமென்ட்: தொடை எலும்பையும் முன்னங்கால் எலும்பையும் கட்டிப்போட்டிருக்கிற கயிறு. இன்னொன்று மெனிஸ்கஸ்: இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் கிடக்கிற குருத்தெலும்பு மெத்தை. இரண்டுமே எக்ஸ்ரேயில் தெரியாது. அப்படியானால் உள்ளே அறுந்தது கயிறா, கிழிந்தது மெத்தையா, ஸ்கேன் என்ற பேச்சே இல்லாத காலத்தில் எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள்? கையால்தான். அந்தக் கைவித்தையை ஒழுங்காக எழுதி வைத்தவர்களில் மெக்மர்ரே முக்கியமானவர்.

அவர் 1887-ல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். அங்குள்ள குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் 1910-ல் மருத்துவப் பட்டம் வாங்கிக்கொண்டு, கடல் தாண்டி லிவர்பூல் துறைமுக நகரத்துக்கு வந்தார். அங்கே சர் ராபர்ட் ஜோன்ஸ் என்ற மாபெரும் ஆசானிடம் சேர்ந்தார். ஜோன்ஸின் ஆசான் யார் தெரியுமா? தொடை எலும்பு முறிவுக்கு இன்றும் நாம் மாட்டுகிற தாமஸ் ஸ்ப்ளின்ட்டைத் தந்த ஹ்யூ ஓவன் தாமஸ். தாமஸின் மனைவிக்கு ஜோன்ஸ் மருமகன் முறை.

இந்தப் பரம்பரையில் நம் ஊர்க்காரர்கள் ரசிக்கக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. ஹ்யூ ஓவன் தாமஸ் ஏதோ பெரிய டாக்டர் குடும்பத்தில் வந்தவர் அல்ல. அவருடைய தகப்பனார் ஈவான் தாமஸ், வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவைச் சேர்ந்த எலும்பு கட்டுகிற பரம்பரையில் வந்தவர். நம் பக்கத்தில் புத்தூர் கட்டு போடுகிறவர்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். மகன் எடின்பரோவிலும் லண்டனிலும் முறையாக மருத்துவம் படித்தார். ஆனாலும் குடும்பத்தின் கைப்பழக்கத்தை விட்டுவிடவில்லை. தடவிப் பார், அசைத்துப் பார், அந்தப் பக்கத்துக் காலோடு ஒப்பிட்டுப் பார் என்கிற பாடம் தாமஸிடமிருந்து ஜோன்ஸுக்கும், ஜோன்ஸிடமிருந்து மெக்மர்ரேக்கும் கைமாறி வந்தது.

1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. காலும் கையும் ஒடிந்து வந்த சிப்பாய்களுக்காக லிவர்பூலில் ஆல்டர் ஹே என்ற இடத்தில் ராணுவ எலும்பு மருத்துவமனை நடந்தது. அங்கே மெக்மர்ரே உழைத்தார். போர் முடிந்த பிறகு லிவர்பூல் மருத்துவமனைகளில் அறுவை மருத்துவராகவும் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகவும் நிலைத்தார். அந்த ஊருக்கு முட்டு நோயாளிகளுக்குப் பஞ்சமா? கால்பந்துக்குப் பேர்போன ஊர், மூட்டை தூக்குகிற துறைமுகம், கொஞ்சம் தள்ளிப் போனால் குனிந்தும் குந்தியும் வேலை பார்க்கிற நிலக்கரிச் சுரங்கங்கள்.

ராபர்ட் ஜோன்ஸின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி 1928-ல் சீடர்கள் ஒரு கட்டுரைத் தொகுப்பு வெளியிட்டார்கள். நாம் இப்போது மலர் போடுவது மாதிரிதான்! அதில் மெக்மர்ரே எழுதிய கட்டுரை, முழங்காலின் உட்சேதங்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது. பிறகு 1942-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில் அதை இன்னும் விரிவாக எழுதினார்.

முறை எளியது. நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். குதிகால் புட்டத்தைத் தொடும் அளவுக்கு முட்டை முழுக்க மடக்குகிறோம். ஒரு கை விரல்கள் மூட்டு இடுக்கின்மேல். மறு கை பாதத்தைப் பிடித்து வெளிப்பக்கமாகத் திருப்பி, மெதுவாக முட்டை நீட்டுகிறது. உள்பக்க மெனிஸ்கஸ் கிழிந்திருந்தால், கிழிந்த துண்டு எலும்புக்கு அடியில் சிக்கி விடுபடும்போது விரலுக்கு ஒரு டக் தெரியும். பாதத்தை உள்பக்கம் திருப்பினால் வெளிப்பக்க மெனிஸ்கஸுக்கான சோதனை. முட்டு முழுக்க மடங்கியிருக்கையில் டக் வந்தால் கிழிசல் பின்பகுதியில், செங்கோணத்தை நெருங்கும்போது வந்தால் நடுப்பகுதியில். முன்பகுதிக் கிழிசலை இந்தச் சோதனை காட்டாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. தன் கருவியின் எல்லையைத் தானே சொல்லிவிட்டுப் போனார் என்பதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

ஆசிரியராகவும் அவர் பெரிய ஆள். எம்.சி.எச். ஆர்த்தோ என்ற லிவர்பூல் பட்டப்படிப்பை நடத்தியவர்களில் அவர் முதன்மையானவர். பல தேசத்து மாணவர்கள் அங்கே படித்தார்கள். நம் நாட்டு எலும்பு மருத்துவத்தின் முதல் தலைமுறைப் பேராசிரியர்கள் பலருடைய பெயருக்குப் பின்னால் அந்த லிவர்பூல் பட்டம் இருக்கும். 1938-ல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் முதல் எலும்பு மருத்துவப் பேராசிரியர் ஆனார். அறுவையில் அவர் வேகம் பிரசித்தம். ஒரு மெனிஸ்கஸை முழுசாக எடுக்க ஐந்து நிமிஷம் போதும் என்று பேர் வாங்கியவர்.

கதையில் கசப்பான பகுதி இங்கேதான் வருகிறது. கிழிந்த மெனிஸ்கஸை மிச்சம் வைக்காமல் முழுக்க எடுத்துவிட வேண்டும், அரைகுறையாக எடுப்பதுதான் தப்பு என்று அவர் உறுதியாக நம்பினார். அந்தக் காலத்து மருத்துவ உலகமும் அப்படித்தான் நம்பியது. 1948-ல் ஃபேர்பேங்க் என்ற மருத்துவர், மெனிஸ்கஸ் எடுக்கப்பட்ட 107 முட்டுகளின் எக்ஸ்ரேக்களை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். பல முட்டுகளில் மூட்டு இடுக்கு குறுகியும் எலும்பு விளிம்பு தடித்தும் தட்டையாகியும் இருந்தன. அதாவது, வேண்டாத தசை என்று தூக்கிப் போட்ட அந்த மெத்தைதான் மூட்டின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. கை சரியாகக் கண்டுபிடித்தது. கத்திதான் தேவைக்கு மேல் போய்விட்டது. அடுத்த ஆண்டே, 1949 நவம்பரில், தென்னாப்பிரிக்கப் பயணத்துக்காக லண்டன் வந்திருந்த மெக்மர்ரே அங்கேயே காலமானார். முடிந்தவரை மெனிஸ்கஸைக் காப்பாற்று என்ற இன்றைய கொள்கை ஊன்றியதை அவர் பார்க்கவில்லை.

சரி, அந்தக் கையை எவ்வளவு தூரம் நம்பலாம்? மெக்மர்ரே காலத்தில் முட்டைத் திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். பிறகு ஜப்பானில் தகாகி தொடங்கி வதனபே வளர்த்த ஆர்த்ரோஸ்கோப்பி வந்தது, அதன்பின் எம்.ஆர்.ஐ. வந்தது. கை சொன்னதையும் உள்ளே இருந்ததையும் வரிசையாக ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2007-ல் வந்த கணக்குப்படி, மெனிஸ்கஸ் கிழிந்த நூறு பேரில் சுமார் 70 பேரை மெக்மர்ரே சோதனை பிடிக்கிறது, 30 பேரை விட்டுவிடுகிறது. கிழியாத நூறு பேரிலும் 29 பேருக்குக் கிழிந்த மாதிரி காட்டுகிறது. சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்பது தெளிவு.

லிகமென்ட் விஷயத்தில் கைக்கு இன்னும் நல்ல மதிப்பெண். முன் சிலுவை லிகமென்ட் என்கிற ஏ.சி.எல்.-க்கு நாம் முதலில் படித்தது டிராயர் சோதனை: முட்டைச் செங்கோணத்தில் மடக்கி, மேசை டிராயரை இழுப்பது மாதிரி முன்னங்காலை இழுப்பது. அடிபட்ட புதிதில் இது ஏமாற்றும். வலியில் தொடையின் பின்தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும். வீங்கிய முட்டு செங்கோணத்துக்கு மடங்கவும் மடங்காது. 2006-ல் வந்த தொகுப்பாய்வில், புதுக் காயத்தில் டிராயர் பிடித்தது பாதிப்பேரைத்தான், 49 சதவீதம். பழைய காயத்தில் அதே சோதனை 92 சதவீதம் பிடித்தது.

முட்டை 20, 30 டிகிரி மட்டும் மடக்கி இழுத்துப் பார்க்கிற லாக்மன் சோதனைக்கு அதே ஆய்வில் கிடைத்தது 85 சதவீதம். லிகமென்ட் நன்றாக இருப்பவர்களில் நூற்றுக்கு 94 பேரை அது சரியாக விட்டும் விடுகிறது. இழுக்கும்போது கயிறு டக்கென்று நிற்கிறதா, சொதசொதவென்று போகிறதா என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. பிவட் ஷிஃப்ட் சோதனை நேர்மாறு: நூறு பேரில் 24 பேரைத்தான் பிடிக்கும், ஆனால் அது வந்துவிட்டால் லிகமென்ட் போய்விட்டது என்று கிட்டத்தட்ட சத்தியம் பண்ணலாம். ஜான் லாக்மன் பிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் சொல்லிக்கொடுத்த இந்தச் சோதனையை 1976-ல் கட்டுரையாக்கி, ஆசான் பெயரையே அதற்கு வைத்தவர் டார்க் என்ற அவருடைய மாணவர். இன்றைய மாணவத் தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளலாம்!

எண்கள் இருக்கட்டும், நடைமுறை என்ன? எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கபடிப் பையன் திரும்பும்போது முட்டில் டப் என்று சத்தம் கேட்கிறது. ரெண்டு மூணு மணி நேரத்தில் முட்டு பலாக்காய் மாதிரி வீங்குகிறது. வீட்டில் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவுகிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றதும் எல்லோருக்கும் நிம்மதி. மூன்று வாரத்தில் வீக்கம் வற்றுகிறது, பையன் மறுபடி களத்தில் இறங்குகிறான், முட்டு மறுபடி நழுவுகிறது. இந்தத் தடவை மெத்தையும் சேர்ந்து கிழிகிறது. சில மணி நேரத்திலேயே ரத்தம் கட்டி வீங்கிய முட்டுகளில் சுமார் 70 சதவீதத்தில் ஏ.சி.எல். அறுந்திருக்கும் என்று 1980-லேயே எழுதிவிட்டார்கள். அந்தக் கதையைக் காதால் கேட்டு, லாக்மன் ஒருமுறை கையால் பார்த்திருந்தால், இரண்டாவது தடவை விழாமல் அவனைத் தடுத்திருக்கலாம். முதல் நாள் வலியில் கை வைக்கவே விடவில்லையா? பத்து நாள் கழித்து வரச் சொல்லி மறுபடி பார்க்க வேண்டும். மறுபடி பார்ப்பதற்குச் செலவே கிடையாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தறியில் நிற்கிற ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். ஒரு நாள் கூலியை விட்டு, கடன் வாங்கி, திருநெல்வேலி வரை போய் எடுத்தது. மெனிஸ்கஸ் கிழிசல் என்று போட்டிருக்கும். ஆபரேஷன் பயத்தில் மனிதர் தூங்கியிருக்க மாட்டார். அமெரிக்காவில் ஐம்பது வயது தாண்டிய பொதுமக்களை வைத்து 2008-ல் வந்த ஓர் ஆய்வில், ஸ்கேனில் கிழிசல் தெரிந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தின மாதத்தில் முட்டு வலியே இல்லை. படத்தில் இருக்கிற கிழிசல்தான் வலிக்குக் காரணமா என்று படம் சொல்லாது. அதைச் சொல்ல மூட்டு இடுக்கை அழுத்திப் பார்க்கிற விரல் வேண்டும். சில சமயம் வலி முட்டில் இருக்கும், வியாதி இடுப்பு மூட்டில் இருக்கும். அதைக் காட்டிக்கொடுக்கவும் ஹ்யூ ஓவன் தாமஸின் பழைய சோதனைதான் உதவிக்கு வரும்.

ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அது அவசியம்; கை சந்தேகப்பட்டதை உறுதிப்படுத்தவும், கை விட்டதைப் பிடிக்கவும் அதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் எந்த முட்டுக்கு ஸ்கேன் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று முதலில் தீர்மானிப்பது நம் கைதான். அந்தக் கை பழகியிருக்க வேண்டும். நல்ல முட்டுகளை நூற்றுக்கணக்கில் தொட்டுப் பார்த்த கைக்குத்தான் கெட்ட முட்டு பிடிபடும்.

ஆகவே, படித்துக்கொண்டிருக்கிற தம்பி தங்கைகளுக்கு மூத்தவன் என்ற உரிமையில் ஒரு வேண்டுகோள். ஓ.பி.யில் முட்டு வலி என்று யார் வந்தாலும், ஸ்கேன் சீட்டு எழுதுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் கொடுங்கள். எப்படி விழுந்தார், எப்போது வீங்கியது என்று கேளுங்கள். முதலில் நல்ல காலைச் சோதியுங்கள், பிறகு வலிக்கிற காலை. உங்களுக்குத் தோன்றியதைக் கேஸ் ஷீட்டில் எழுதி வையுங்கள். பின்னால் ஸ்கேனோ ஆர்த்ரோஸ்கோப்பியோ என்ன சொல்கிறது என்று ஒத்துப் பாருங்கள். ஒரு வருஷம் இதைச் செய்தால் உங்கள் கையின் கணக்கு உங்களுக்கே தெரிந்துவிடும்.