கூடை பின்னுவதற்கு அப்பால்: மொஹொலி-நாகியின் இரவு வகுப்புகள்

முதலாம் உலகப் போரில் ஒஸ்ட்ரிய-ஹங்கேரியப் பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்த ஓர் இளைஞன், படையினருக்கு வீட்டுக்குக் கடிதம் எழுதக் கொடுக்கப்பட்ட அஞ்சலட்டைகளில் கடிதத்தை விடப் படங்களே அதிகம் வரைந்தான். சக படையினரின் முகங்கள், தூங்கி வழியும் காவல்காரர், காயப்பட்டுக் கிடப்பவர்கள் என்று நூற்றுக்கணக்கில் வரைந்தான். 1917இல் ரஷ்ய முனையில் அவனுக்கும் காயம். வைத்தியசாலையிலும் வரைவதை நிறுத்தவில்லை. போருக்குப் போகுமுன் அவன் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவன். ஓவியன் ஆகும் எண்ணம் போர்முனையில்தான் வந்தது.

அந்த இளைஞன்தான் லாஸ்லோ மொஹொலி-நாகி. கலை வரலாற்றுப் புத்தகங்களில் அவரைப் புகைப்படக்காரர், சிற்பி, ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி ஆசிரியர் என்று படிப்பார்கள். ஊடகக் கற்கை படித்த காலத்தில் நானும் அப்படித்தான் படித்தேன். கமரா இல்லாமல், ஒளிபடும் தாளில் பொருட்களை நேரே வைத்து அவர் எடுத்த படங்களைப் பரீட்சைக்குப் பாடமாக்கினேன். ஆனால் இரண்டாம் உலகப் போரின் நடுவே சிக்காகோ நகரில், போரில் காயப்பட்டவர்களின் மறுவாழ்வுக்காகக் கைவேலைக் கலைப் பயிற்சியை அவர் எப்படித் திட்டமிட்டார் என்பதைப் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். இந்தக் கட்டுரை அதற்காகவே.

1895 யூலை 20 அன்று ஹங்கேரியின் தெற்கே பாச்போர்சோட் என்ற கிராமத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பப் பெயர் வைஸ். தகப்பன் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய்மாமன்தான் வளர்த்தார். மாமனின் பெயரான நாகியையும், வளர்ந்த ஊரான மொஹொலின் பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டதுதான் இந்த நீண்ட பெயர். அந்த ஊர் இன்றைக்கு ஹங்கேரியில் இல்லை. எல்லைகள் மாறி சேர்பியாவுக்குள் போய்விட்டது.

போரிலிருந்து திரும்பியவர் சட்டப் படிப்பைக் கைவிட்டு, புடாபெஸ்டில் மாலை நேர ஓவிய வகுப்பொன்றில் சேர்ந்தார். 1919இல் ஹங்கேரியில் புரட்சி அரசு கவிழ்ந்ததும் முதலில் வியன்னா, அடுத்த வருடம் பெர்லின். காசு இல்லை. ஜேர்மன் மொழியும் சரளமில்லை. பெர்லினில் லூசியா ஷுல்ஸ் என்ற எழுத்தாளரைச் சந்தித்து 1921இல் மணம் முடித்தார். அவருடைய ஆரம்பகால எழுத்துக்களுக்குப் பின்னால் லூசியாவின் உழைப்பு நிறைய இருந்தது. கமரா இல்லாத அந்தப் படங்களும் இருவரும் சேர்ந்து செய்தவை. பெயர் மட்டும் கணவனுக்கே போனது. பின்னர் இருவரும் பிரிந்தார்கள். 1933இல் லூசியா நாட்டை விட்டு ஓடியபோது தன் கண்ணாடி நெகட்டிவ்களை மொஹொலி-நாகியிடம் விட்டுச் சென்றார். அவர் அவற்றை பௌஹவுஸ் நிறுவுநர் வால்டர் குரோப்பியஸிடம் ஒப்படைத்தார். லூசியாவின் பெயர் இல்லாமலே அந்தப் படங்கள் பல வருடங்களாக அச்சாகின. கைகளின் உழைப்பை மதிக்கச் சொல்லிக் கொடுத்த மனிதரின் வாழ்க்கையில் இதுவும் உண்டு. சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.

1923இல் குரோப்பியஸ் அவரை பௌஹவுஸுக்கு அழைத்தார். வயது இருபத்தேழு. உலோகப் பட்டறையும், புது மாணவர் எல்லோரும் கட்டாயம் படிக்கவேண்டிய அடிப்படை வகுப்பும் அவர் கையில் வந்தன. அந்த வகுப்பில் கடதாசி, கண்ணாடித் துண்டு, கம்பி, மரச்சிராய், நூல் என்று மலிவாகக் கிடைப்பவற்றைக் கொண்டுதான் வேலை. வெவ்வேறு பொருட்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சமநிலையில் நிறுத்தவேண்டும். எந்தப் பொருள் எவ்வளவு வளையும், எது எங்கே முறியும் என்று கையால் கண்டுபிடிக்கவேண்டும்.

அவர் கொடுத்த பயிற்சிகளில் ஒன்று தொடுகைப் பலகை. சொரசொரப்பு, வழவழப்பு, மென்மை, கடினம் என்று கைக்குத் தெரியும் வித்தியாசங்களை, பாட்டுக்கு ஸ்வரம் அடுக்குவதுபோல ஒரு பலகையில் அடுக்கிச் செய்வது. கண்ணுக்கு அழகாக இருப்பது முக்கியமில்லை. விரலுக்கு அது என்ன சொல்கிறது என்பதே கேள்வி. காது சரியாகக் கேளாத ஒட்டி பெர்கர் என்ற மாணவி 1928இல் நூல்களையும் வர்ணக் கடதாசிச் சதுரங்களையும் சேர்த்துச் செய்த தொடுகைப் பலகை இன்றும் பெர்லினில் பௌஹவுஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒட்டி பெர்கர் இல்லை. யூதர் என்பதால் ஜேர்மனியில் தொழில் செய்ய முடியாமல் போனது. 1944இல் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்.

மொஹொலி-நாகி 1928இல் பௌஹவுஸை விட்டு விலகினார். நாசிகள் வந்தபின் 1934இல் அம்ஸ்டர்டாம், 1935இல் லண்டன். இரண்டாவது மனைவி சிபிலும் பிள்ளைகளும் கூடவே அலைந்தார்கள். 1937இல் சிக்காகோவில் தொழிலதிபர்களும் கலை ஆர்வலர்களும் சேர்ந்த ஒரு சங்கம், புதிய கலைப்பள்ளி ஒன்றை நடத்த அவரை அழைத்தது. ஆங்கிலமோ தட்டுத்தடுமாறித்தான். ஒரே வருடத்தில் சங்கத்திடம் காசு முடிந்தது, பள்ளி மூடப்பட்டது.

வேறு யாராக இருந்தாலும் வேலை தேடிப் போயிருப்பார்கள். அவர் 1939 பெப்ரவரியில், முன்பு வெதுப்பகம் இருந்த கட்டடமொன்றில் தானே ஒரு பள்ளியைத் திறந்தார். கூட இருந்த ஆசிரியர்கள் ஆரம்பத்தில் சம்பளமே இல்லாமல் படிப்பிக்க ஒப்புக்கொண்டார்கள். மட்டைப்பெட்டி உற்பத்தியாளர் வால்டர் பேப்கே காசும் கொடுத்து, கோடைகால வகுப்புகளுக்குத் தன் பண்ணை நிலமொன்றையும் கொடுத்தார். பள்ளியின் உயிர் இரவு வகுப்புகளில் இருந்தது. பகலில் வேலைக்குப் போய் மாலையில் களைத்து வருகிற வளர்ந்தவர்கள். அவர்களில் பலர் பள்ளிக்கூடத்தோடு தூரிகையைக் கீழே வைத்தவர்கள்.

அவர்களிடம் படம் வரையச் சொன்னால் கை நடுங்கும். எனக்கு வரையத் தெரியாது என்ற வெட்கம் வளர்ந்தவர்களுக்குச் சிறுவர்களைவிடப் பல மடங்கு. அதனால் அவர் படத்தில் தொடங்கவில்லை. ஒரு மரத்துண்டையும் அரத்தையும் கொடுத்து, உங்கள் கைக்குள் சுகமாக அடங்கும் ஒரு வடிவத்தைச் செய்யுங்கள் என்பார். அது எதைப்போலவும் இருக்கத் தேவையில்லை. பிடித்துப் பார்க்க, திருப்பிப் பார்க்க, விரலை வைக்க இடம் இருந்தால் போதும். கைச் சிற்பம் என்று அதற்குப் பெயர். ஒவ்வொருவர் கையும் வேறு என்பதால் ஒவ்வொரு சிற்பமும் வேறு. சரி, பிழை சொல்ல அங்கே யாருக்கும் இடமில்லை.

இன்னொரு பயிற்சி, விறைப்பான பலகையில் வாளால் கீறல்கள் போட்டு அதை வளைய வைப்பது. கீறலின் ஆழமும் இடைவெளியும் சரியாக அமைந்தால் மரம் சுருள்வில்லைப்போல அமுங்கி எழும். இது முதலில் விளையாட்டு. போர்க்காலத்தில் உலோகம் கிடைக்காமல் போனபோது, மெத்தைகளுக்கும் கதிரைகளுக்கும் மரத்தாலான சுருள்வில்களைச் செய்ய இந்தப் பள்ளி முனைந்தது அந்த விளையாட்டின் தொடர்ச்சிதான்.

1941 டிசம்பரில் அமெரிக்கா போருக்குள் இறங்கியது. மாணவர்கள் படைக்குப் போனார்கள், வகுப்புகள் வெறிச்சோடின. பிறப்பால் ஹங்கேரியர் என்பதால் அவரே சட்டப்படி எதிரி நாட்டவர். ஆனாலும் சிக்காகோவை வான் தாக்குதலிலிருந்து மறைக்கும் திட்டத்துக்கு மேயர் அவரைத்தான் அமர்த்தினார். மிச்சிகன் ஏரியின் கரையை மேலிருந்து பார்க்கும் விமானிக்கு அடையாளம் தெரியாமல் எப்படி மாற்றுவது என்று யோசித்தார்கள். பொய்க்கரை, மிதக்கும் தீவுகள் என்றெல்லாம் திட்டம் போட்டார்கள். கிபிர் சத்தம் கேட்டதும் தென்னோலையை இழுத்து பங்கரை மூடிய எங்களுக்கு அந்தத் திட்டம் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் தெரியும். சிக்காகோவில் ஒரு குண்டும் விழவில்லை.

போரிலிருந்து திரும்பி வந்தவர்கள் விஷயம் அப்படியல்ல. கை இழந்தவர்கள், கண் இழந்தவர்கள், உடம்பில் காயமே இல்லாமல் உள்ளுக்குள் நொறுங்கியவர்கள். வைத்தியசாலைகளில் அவர்களுக்குக் கூடை பின்னுவது போன்ற வேலைகளைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். மொஹொலி-நாகிக்கு இது பிடிக்கவில்லை. கூடை பின்னுவதில் குற்றமில்லை. காயப்பட்டவரின் நேரத்தைப் போக்குவதுதான் குறிக்கோள் என்றால் அது போதாது என்பதே அவரது வாதம். தொழிற்சாலையில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கு மட்டும் அவர்களைப் பழக்குவதையும் அவர் ஏற்கவில்லை.

1943இல் இது பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். காயப்பட்டவரைப் பழைய நிலைக்குத் திருப்புவதோடு நிற்கக்கூடாது, முன்பு இருந்ததைவிட மேலான நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம். வடிவமைப்பாளராக வர விரும்பும் மாணவருக்குக் கொடுக்கும் அதே அடிப்படைப் பயிற்சியை, தரம் குறைக்காமல், காயப்பட்டவருக்கும் கொடுக்கவேண்டும் என்றார். தொடுகைப் பலகை, கைச் சிற்பம், மடித்த கடதாசி, ஒட்டுப்படம், ஒளியால் எழுதிய தாள் எல்லாம் அதில் அடங்கும். அதைச் செய்துபார்க்கும்போது எது தனக்கு வரும் என்று அந்த மனிதர் தானே கண்டுபிடிப்பார். என்ன வேலை பொருத்தம் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தீர்மானிப்பது பிறகு.

பள்ளியில் இதற்கென்று ஒரு பாடநெறியும் தொடங்கினார். வைத்தியர்களோடும் உளவியல் அறிந்தவர்களோடும் சேர்ந்து, காயப்பட்டவர்களோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கான பயிற்சி. அவர்களும் முதலில் மரத்தை அராவ வேண்டும், கடதாசியை மடிக்க வேண்டும். தான் செய்து பார்க்காததை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்கு 2009க்குப் பின் வன்னியில் நடந்த வாழ்வாதாரப் பயிற்சிகள்தான் நினைவுக்கு வந்தன. தையல் மெசின், கோழிக்கூடு, மெழுகுதிரி அச்சு. பயனாளி என்று பெயர் பதிந்து, ஒரு படம் எடுத்து, கையெழுத்து வாங்கிப் போவார்கள். அவை தேவையில்லை என்று சொல்ல நான் யார்? அந்தக் கோழியை வைத்துப் பிள்ளையைப் படிப்பித்த தாய்மார் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் கைக்கு என்ன வரும், உங்களுக்கு எது விருப்பம் என்று அந்தப் படிவங்களில் ஒரு கோடு இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

மொஹொலி-நாகியின் மறுவாழ்வுப் பாடநெறி பெரிய இயக்கமாக வளரவில்லை. போர் முடிந்தது. திரும்பி வந்த படையினருக்குப் படிப்புச் செலவை அரசே கொடுக்கும் சட்டம் வந்ததால், 1946இல் அவருடைய வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. ஏழு வருடமாகக் காசுக்கு அலைந்த பள்ளிக்கு இப்போது இடம்தான் போதவில்லை.

அதைப் பார்த்து மகிழ அவருக்கு அதிக காலம் கிடைக்கவில்லை. 1945இன் இறுதியில் இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை எடுத்துக்கொண்டே வகுப்புக்கு வந்தார், படமும் வரைந்தார். அந்த மாதங்களில் வரைந்த சில படங்களுக்கு அந்த நோயின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளையே தலைப்பாக வைத்தார். ஹிரோஷிமாவுக்குப் பின் அணுகுண்டைப் பற்றியும் இரண்டு பெரிய ஓவியங்கள் வரைந்தார். 1946 நவம்பர் 24 அன்று இறந்தார். வயது ஐம்பத்தொன்று. சிக்காகோவில் அடக்கம் செய்தார்கள்.

அவர் எழுதி முடித்திருந்த கடைசிப் புத்தகத்தை சிபில் அச்சுக்குக் கொண்டுவந்தார், 1947இல் வெளியானது. அதில் பெரிய ஓவியர்களின் படைப்புகளோடு, இரவு வகுப்பு மாணவர்கள் செய்த தொடுகைப் பலகைகளும், கைக்குள் அடங்கும் மரத்துண்டுகளும் படங்களாக இருக்கின்றன.