நர்ஸுக்கு எதுக்கு இவ்வளவு சயின்ஸ்? வார்டுக்கு முன்னால் வகுப்பறையைக் கொண்டுவந்த அடிலெய்ட் நட்டிங்கின் கதை

பி.எஸ்சி. நர்சிங் முதல் வருஷம் படிக்கிற யாரிடம் பேசினாலும் ஒரு புலம்பல் கேட்கும். அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, நியூட்ரிஷன்... நோயாளியைப் பார்த்துக்கொள்ள வந்த இடத்தில் எதுக்கு இவ்வளவு சயின்ஸ்? டிப்ளமோ முடித்து, நைட் டூட்டி பார்த்துக்கொண்டே போஸ்ட் பேசிக் படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் உறைக்கும்.

130 வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் நிலைமை நேர் தலைகீழ். நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்த பெண்களுக்கு சயின்ஸ் சொல்லித்தர நேரமும் கிடையாது, மருத்துவமனைகளுக்கு அதில் விருப்பமும் கிடையாது. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் மேரி அடிலெய்ட் நட்டிங். உலகிலேயே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆன முதல் நர்ஸ் இவர்தான்.

மியூசிக் டீச்சர் நர்ஸ் ஆன கதை

1858 நவம்பர் 1-ம் தேதி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு சின்ன கிராமத்தில் பிறந்தார் நட்டிங். இளவயதில் அவர் படித்தது இசையும் ஓவியமும். நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இசை ஆசிரியையாகக் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். பிறகு வீட்டில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, கடைசி வரை உடனிருந்து கவனித்துக்கொண்டார். நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்குத் தனக்கு எவ்வளவு தெரியவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

1889-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதே வருஷம் அங்கே நர்ஸ் பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது. முதல் பேட்ச்சிலேயே சேர்ந்தார் நட்டிங். அப்போது அவருக்கு 31 வயது ஆகப் போகிறது. கரியரை மாற்ற லேட் ஆயிடுச்சேன்னு யோசிப்பவர்கள் இந்த வயதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளலாம். 1891-ல் படிப்பை முடித்தார். அங்கேயே ஹெட் நர்ஸ் ஆனார். பள்ளியின் தலைவி இசபெல் ஹாம்ப்டன் 1894-ல் திருமணமாகிப் போனதும் அந்தப் பொறுப்பு நட்டிங்கிடம் வந்தது.

படிக்க வந்தவர்களே வேலையாட்கள்

இங்கேதான் விஷயமே இருக்கு. அன்றைய அமெரிக்க மருத்துவமனைகளில் நர்ஸ் பள்ளி என்பது நடைமுறையில் மலிவான ஆள் சேர்ப்பு. படித்து முடித்த நர்ஸ்களை மருத்துவமனைகள் அதிகம் வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. அவர்களில் பெரும்பாலோர் தனியார் வீடுகளுக்குப் போய் நோயாளியைப் பார்த்துக்கொண்டார்கள். வார்டில் ராத்திரி பகலாக நின்றது மாணவிகள்தான். சேர்ந்த உடனேயே வார்டு. 12 மணி நேர வேலை. கைச்செலவுக்கு மாதம் ஒரு சின்னத் தொகை. வகுப்பு என்பது, வேலையெல்லாம் முடிந்து கண் சொக்கும் நேரத்தில் டாக்டர் யாராவது வந்து தரும் ஒரு லெக்சர்.

அதே வளாகத்தில் 1893-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி திறந்தது. டாக்டருக்குப் படிக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு பட்டம் வேண்டும், அறிவியல் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், லேபில் வேலை செய்ய வேண்டும் என்று அமெரிக்காவுக்கே புதுத் தரம் வைத்த கல்லூரி அது. ஒரு பக்கம் மைக்ரோஸ்கோப்போடு மருத்துவ மாணவர்கள், இன்னொரு பக்கம் பெட்பேனோடு ஓடும் நர்ஸ் மாணவிகள். இந்த இரண்டையும் தினமும் ஒருசேரப் பார்த்தவர் நட்டிங்.

அவர் முதலில் கை வைத்தது நேரத்தில். பல ஊர்களில் இருந்த பயிற்சிப் பள்ளிகளில் மாணவிகள் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுத்து, நர்ஸ் பள்ளித் தலைவிகளின் சங்கத்தில் அறிக்கையாக வைத்தார். அப்போது படிப்பை 2 வருஷத்திலிருந்து 3 வருஷமாக நீட்டும் பேச்சு பலமாக இருந்தது. நீட்டலாம், ஆனால் தினசரி வேலை நேரம் 8 மணியாகக் குறைந்தால்தான் அதற்கு அர்த்தம் என்பது நட்டிங்கின் நிலை. இல்லாவிட்டால் அந்த மூணாவது வருஷம் மருத்துவமனைக்குக் கிடைக்கும் இன்னொரு வருஷ இலவச உழைப்பு, அவ்வளவுதான். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1890-களின் நடுவில் இரண்டையும் சேர்த்தே கொண்டுவந்தார். பல மருத்துவமனைகள் மூணாவது வருஷத்தை மட்டும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டன.

கூடவே மாணவிகளுக்குத் தரும் மாதத் தொகையையும் நிறுத்தி, அதை ஸ்காலர்ஷிப்பாக மாற்றினார். சம்பளம் வாங்கினால் வேலைக்காரி, வாங்காவிட்டால் மாணவி என்பது அவர் கணக்கு. இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அந்தச் சில டாலரை நம்பித்தான் ஏழைப் பெண்கள் பலர் நர்ஸ் படிப்புக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கதவு இன்னும் கொஞ்சம் ஒடுங்கியது. கறுப்பினப் பெண்களுக்கோ, அன்றைய பெரும்பாலான பள்ளிகளைப் போலவே, அந்தக் கதவு திறந்திருக்கவே இல்லை.

முதல் 6 மாதம் வகுப்பறை

1901-ல் வந்தது பெரிய மாற்றம். புதிதாகச் சேரும் மாணவி முதல் 6 மாதம் வார்டில் முழுநேர வேலை பார்க்கத் தேவையில்லை. உடற்கூறு, உடலியங்கியல், சுகாதாரம், மருந்துகள், உணவும் சமையலும் என்று பாடங்களை முதலில் படிக்க வேண்டும். ஐடியா நட்டிங்குடையது மட்டுமல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ரெபெக்கா ஸ்ட்ராங் 1893-லேயே இப்படி ஒரு முன்பயிற்சி வகுப்பைத் தொடங்கியிருந்தார். அமெரிக்காவில் அதற்கு ஒரு முன்மாதிரி கிடைத்தது நட்டிங்கால்.

காரணம் எளிது. நோயாளிக்கு ஜுரம் ஏன் ஏறுகிறது, கிருமி கையிலிருந்து காயத்துக்கு எப்படிப் போகிறது, மருந்தின் அளவு கூடினால் உடம்பில் என்ன நடக்கும் என்று தெரியாதவர், சொன்னதைச் செய்யலாம். சொல்லாத ஒன்று நடக்கும்போது கவனிக்க மாட்டார். அதைக் கத்துக்கொள்வது நோயாளியின் உடம்பில் தவறு செய்து செய்து இருக்கக் கூடாது.

அடுத்த சிக்கல், இந்தப் பாடங்களை யார் நடத்துவது? நடத்தத் தெரிந்த நர்ஸ்களே இல்லை. இதற்காக 1899-ல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீச்சர்ஸ் காலேஜில், ஏற்கெனவே படித்து முடித்த நர்ஸ்களுக்கு ஒரு மேற்படிப்பு தொடங்கியிருந்தது. முதல் வருஷம் சேர்ந்தவர்கள் இரண்டே பேர். பால்டிமோர் வேலையை விடாமல், ரயிலேறி நியூயார்க் போய் அங்கே வகுப்பு எடுத்துவந்தார் நட்டிங். 1907-ல் டீச்சர்ஸ் காலேஜ் அவரை முழுநேரப் பேராசிரியராக அழைத்தது. அவர் கையில் இருந்த தகுதி நர்ஸ் பள்ளி டிப்ளமோதான். பதவியின் பெயரிலும் நர்சிங் இல்லை; நிர்வாகவியல் பேராசிரியர் என்ற பெயரில்தான் உள்ளே வந்தார். ஹெலன் ஹார்ட்லி ஜென்கின்ஸ் என்ற செல்வந்தர் பெரும் நன்கொடை தந்த பிறகு, 1910-ல்தான் நர்சிங்குக்கும் சுகாதாரத்துக்கும் தனித் துறை உருவானது. 1925-ல் ஓய்வு பெறும் வரை அதற்குத் தலைவி அவரே.

அறிவியலை முதலில் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1918-ல் ஒரு பெரிய சோதனை நடந்தது. முதல் உலகப் போரால் நர்ஸ் பற்றாக்குறை. போர்க்கால நர்சிங் குழுவின் தலைவி நட்டிங். வாசர் கல்லூரியில் ஒரு கோடைக்காலம் முழுக்க, ஏற்கெனவே பட்டம் பெற்ற 400-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு உடற்கூறு, வேதியியல், பாக்டீரியாவியல் எல்லாம் நடத்தி, பிறகு மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு 3 வருஷப் பயிற்சி சுமார் 2 வருஷமாகக் குறைந்தது.

அடுத்து ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் கதவைத் தட்டினார். அதன் விளைவாக நடந்த ஆய்வின் அறிக்கை 1923-ல் வந்தது. மாணவிகளின் உழைப்பை நம்பி ஓடும் பள்ளியில் கல்வி அடிபட்டுப் போகிறது என்பதை அது விரிவாகக் காட்டியது. அதே வருஷம் ராக்ஃபெல்லர் பண உதவியோடு யேல் பல்கலைக்கழகத்தில் தனி நர்சிங் பள்ளி பிறந்தது. மற்ற மருத்துவமனைகள் பலவும் பழைய வழியை விட இன்னும் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டன.

யேல் நட்டிங்குக்கு கௌரவ எம்.ஏ. பட்டமும் கொடுத்தது. 1944-ல் அமெரிக்க நர்சிங் கல்வி அமைப்பு அவர் பெயரிலேயே ஒரு பதக்கத்தை உருவாக்கி, முதல் பதக்கத்தை அவருக்கே வழங்கியது. 1948 அக்டோபர் 3-ம் தேதி நியூயார்க் மாகாணத்தின் ஒயிட் ப்ளெயின்ஸில் இறந்தார். 90-வது பிறந்தநாளுக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது.