பள்ளத்தாக்கைப் பூங்காவாக்கியவர்

ஷா ஆலம் நகரில் ஒரு மாடி வீட்டின் முன்னால் சிறிய முற்றம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் குடியேறிய சில மாதங்களில் அங்கே லாலாங் புல் முழங்கால் உயரத்திற்கு வளர்ந்துவிடும். மழை பெய்தால் ஒரு மூலையில் நீர் தேங்கும். புல்லை வெட்டுவோம், இரண்டு வாரத்தில் மீண்டும் முளைக்கும். கடையில் பூச்செடி வாங்கி நடுவோம், அது வாடிவிடும். இந்த மண்ணில் எதுவும் வராது என்று சலித்துக்கொண்டு, முற்றம் முழுவதும் சிமெண்டு பூசிவிடுவோரும் உண்டு.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், முற்றத்தை அன்று, ஒரு முழுப் பள்ளத்தாக்கையே பார்த்து, அதைப் பூங்காவாக்க முடியும் என்று நம்பினார் ஒருவர். அவர் பெயர் ஆல்ஃபிரட் ராபர்ட் வென்னிங். கோலாலம்பூரில் இன்று பெர்டானா தாவரவியல் பூங்கா என அழைக்கப்படும் ஏரிப் பூங்கா தோன்றுவதற்குக் காரணமானவர் அவரே.

வென்னிங் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்த ஆங்கிலேயர். சிலாங்கூர் அரசாங்கத்தில் மாநிலப் பொருளாளராகப் பணியாற்றினார். மாநிலத்தின் வரவு செலவுக் கணக்கைப் பார்ப்பதும், பணம் வீணாகாமல் காப்பதும் அவருடைய பொறுப்புகள். தோட்டக்கலை அவருடைய தொழில் அன்று.

அவர் வாழ்ந்த காலத்துக் கோலாலம்பூர் இன்றைய மாநகரைப் போன்றது அன்று. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில், ஈயத்தை நம்பி வளர்ந்த ஊர் அது. 1880-ஆம் ஆண்டில் சிலாங்கூரின் நிர்வாகத் தலைமையிடம் கிள்ளானிலிருந்து இங்கு மாற்றப்பட்டது. மறு ஆண்டே பெருந்தீ ஒன்று ஊரின் பெரும்பகுதியை அழித்தது. அதே 1881-ஆம் ஆண்டின் இறுதியில் வெள்ளமும் வந்தது. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் கொண்டிருந்த வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல் வீடுகள் எழத் தொடங்கின. அந்தச் செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே பின்னர் பிரிக்ஃபீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. 1886-இல் கிள்ளான் பக்கமிருந்து இரயில் பாதையும் வந்து சேர்ந்தது.

ஊர் வேகமாக வளர்ந்தது. ஆனால், அதைச் சுற்றியிருந்த நிலம் அதற்கு விலை கொடுத்தது. ஈயத்தை உருக்கக் கரி தேவைப்பட்டதால் காடுகள் வெட்டப்பட்டன. மண்ணைத் தோண்டி ஈயம் எடுத்த பிறகு குழிகளும் மணல்மேடுகளும் எஞ்சின. காடு வெட்டப்பட்டு, கவனிப்பாரின்றி விடப்பட்ட இடங்களில் லாலாங் புல் படர்ந்தது. நிலத்திலிருந்து எதையாவது எடுப்பதே அக்காலத்தில் எல்லாருடைய நோக்கமாகவும் இருந்தது. நிலத்திற்கு எதையாவது திருப்பித் தர வேண்டும் என்று நினைத்தவர் மிகச் சிலரே.

இத்தகைய சூழலில், 1888-ஆம் ஆண்டு வென்னிங் ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஊருக்கு மேற்கே, பிராஸ் பிராஸ் என்னும் சிற்றாறு ஓடும் பள்ளத்தாக்கில், பொதுமக்களுக்கு ஒரு தாவரவியல் பூங்கா அமைக்க வேண்டும் என்பதே அது. சாலை போட்டால் வண்டிகள் ஓடும், வரி கிடைக்கும். இரயில் பாதை போட்டால் ஈயம் துறைமுகம் போகும். பூங்காவினால் கருவூலத்திற்கு என்ன கிடைக்கும்? பணத்தைக் காக்க வேண்டிய பொருளாளரே, வருமானம் தராத ஒன்றுக்குப் பணம் கேட்டார் என்பதுதான் வியப்பு.

அப்போது சிலாங்கூரில் ஆங்கிலேய அரசின் பிரதிநிதியான ரெசிடெண்டாக இருந்தவர் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம். அவர் வென்னிங்கின் திட்டத்தை ஏற்று, நிதியும் ஒதுக்கினார். பூங்காவுக்கென 173 ஏக்கர் நிலம் அளந்து எல்லை குறிக்கப்பட்டது. 1889-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிலத்தைச் சீர்ப்படுத்தும் வேலை ஆரம்பமாயிற்று.

அந்த வேலையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பள்ளத்தாக்கை மண் கொட்டிச் சமதளமாக்க முயலவில்லை. மேடு மேடாகவே இருந்தது. பள்ளம் பள்ளமாகவே இருந்தது. மழைநீர் எங்கே ஓடி எங்கே சேர்கிறதோ, அங்கேயே சிற்றாற்றின் குறுக்கே அணை கட்டப்பட்டது. தண்ணீர் தேங்கி ஏரியாயிற்று. மனிதர் நடமாட முடியாதிருந்த பள்ளமே பூங்காவின் அழகுக்கு நடுவிடம் ஆயிற்று. சுவெட்டன்ஹாமின் மனைவி பெயரால் அதற்குச் சிட்னி ஏரி என்று பெயரிட்டனர்.

நீருக்கு வழி செய்த பின்னரே புல்லும் மரமும் பயன் தரும். நம் நாட்டில் புல்வெளி அமைப்பது எளிதன்று. லாலாங் புல்லின் இலையை வெட்டினால் அது சாவதில்லை. மண்ணுக்கடியில் படர்ந்திருக்கும் அதன் தண்டு மீண்டும் துளிர்விடும். தீ வைத்தாலும், மேலே உள்ளது எரியுமே தவிர, கீழே உள்ளது பிழைத்துக்கொள்ளும். அந்தத் தண்டுகளைத் தோண்டி எடுக்க வேண்டும். அல்லது நிழல் தரும் மரங்களை வளர்த்து அதன் பலத்தைக் குறைக்க வேண்டும். லாலாங் வெயிலை விரும்பும் புல். நிழலில் அது மெலிந்து போகும். ஆகவே, ஒரு மரம் நடுவது என்பது பத்து ஆண்டுகளுக்குப் பிறகு வரப்போகும் நிழலை இன்றே நடுவதாகும்.

வென்னிங்கின் முயற்சிக்கு ஊர் மக்களில் சிலரும் துணை நின்றனர். சீனச் சமூகத் தலைவர்களுள் ஒருவரான சாவ் ஆ யோக், நூறு செவ்வந்திச் செடிகளை அன்பளிப்பாகத் தந்தார். ஓர் ஆங்கிலேய அதிகாரியின் கனவு, பலர் பங்கு கொள்ளும் பணியாக மாறியது.

1889-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள், நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் சர் சிசில் கிளமெண்டி ஸ்மித் பூங்காவைத் திறந்து வைத்தார். பொதுவாகத் திறப்பு விழாவோடு ஒரு பணி முடிந்துவிட்டதாக நினைப்பதுண்டு. வென்னிங் அப்படி நினைக்கவில்லை. அதன் பிறகும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அவர் பூங்காவில் ஈடுபாடு காட்டினார். புதர்கள் நீக்கப்பட்டன, பூக்கும் செடிகளும் மரங்களும் நடப்பட்டன. கட்டடம் கட்டி முடித்த நாளில்தான் மிகப் புதிதாக இருக்கும். தோட்டமோ, அமைத்த நாளில் மிக இளையதாக இருக்கும். கவனிக்கக் கவனிக்க வளரும்.

பூங்காவின் கதையில் மறைக்கக் கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. அது அந்நியர் ஆட்சிக் காலம். 1890-இல் ஏரிக்கு அருகே ஐரோப்பிய உயர் அதிகாரிகளுக்கான மன்றம் ஒன்று தொடங்கப்பட்டது. பின்னர் அருகிலிருந்த குன்றின்மேல் சுவெட்டன்ஹாமின் மாளிகை எழுந்தது. பொதுமக்களின் பூங்கா எனப் பெயர் பெற்றிருந்தாலும், அதன் சுற்றுப்புறம் ஆட்சியாளரின் குடியிருப்பாகவே விளங்கியது. வெயிலில் நின்று மண்ணைக் கொத்தியவர்களுக்கும், மாலையில் ஏரிக்கரையில் காற்று வாங்கியவர்களுக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது.

வென்னிங் படிப்படியாக உயர்ந்து, கூட்டு மலாய் மாநிலங்களின் கூட்டரசுச் செயலாளர் பதவியை வகித்தார். பின்னர் ஓய்வு பெற்றார். பூங்காவின் அருகிலிருந்த சாலை ஒன்று வென்னிங் சாலை என அழைக்கப்பட்டது. அந்தச் சாலைக்கு இப்போது பெர்டானா சாலை என்பது பெயர்.

ஆட்சி மாறியது. நாடு 1957-இல் விடுதலை பெற்றது. பூங்காவின் அருகே நாடாளுமன்றக் கட்டடமும் தேசிய நினைவுச் சின்னமும் எழுந்தன. 1975-இல் ஏரிப் பூங்கா, தாமான் தாசெக் பெர்டானா எனப் பெயர் பெற்றது. 2011-இல் பெர்டானா தாவரவியல் பூங்கா ஆயிற்று. பெயர்கள் மாறின, ஏரியும் புல்வெளியும் இருந்த இடத்திலேயே இருந்தன. முன்பு சிலருக்கே நெருக்கமாக இருந்த அந்தக் கரையில் இன்று எல்லா இனத்தவரும் பாய் விரித்து அமர்கின்றனர். குழந்தைகள் ஓடி விளையாடுகின்றனர். நடுவில் எத்தனையோ கட்டடங்கள் நெருக்கியடித்து எழுந்த மாநகரில், இத்தனை ஏக்கர் பசுமை எஞ்சியதற்குக் காரணம், நிலம் மலிவாக இருந்த காலத்திலேயே ஒருவர் அதைப் பூங்காவுக்கென ஒதுக்கச் சொன்னதுதான்.

இப்போது ஷா ஆலம் வீட்டு முற்றத்திற்குத் திரும்புவோம். ஷா ஆலமும் ஒரு காலத்தில் தோட்டப்புறமாக இருந்த நிலத்தில் திட்டமிட்டு எழுப்பப்பட்ட நகரமே. 1978-இல் சிலாங்கூரின் தலைநகரான அந்நகரின் நடுவிலும் ஏரிப் பூங்கா உண்டு. நம் முற்றத்தில் ஏரி அமைக்க வேண்டியதில்லை. முதலில், ஒரு மழை நாளில் நின்று, நீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்தால் போதும். நீர் வெளியேறச் சிறு வாய்க்கால் வெட்டலாம். லாலாங்கை மேலே வெட்டாமல் தண்டோடு தோண்டி எடுக்கலாம். கெட்டியாகிப் போன மண்ணைக் கொத்தி, மக்கிய உரம் கலக்கலாம். நம் மழைக்கும் வெயிலுக்கும் பழகிய, தரையோடு படரும் ‘கௌ கிராஸ்’ புல்லைப் பதிக்கலாம். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று அறிந்து செடிகளைத் தேர்ந்தெடுக்கலாம். அதன் பிறகு வேண்டியது பொறுமை மட்டுமே.

வென்னிங் இன்று இல்லை. ஆயினும் அந்தப் பூங்காவில் இன்றும் நாம் நிழலில் நடக்கிறோம். நம் வீட்டு முற்றத்தில் நாம் நடும் ஒரு செடியும், நாம் அறியாத ஒருவருக்கு ஒரு நாள் நிழல் தரலாம்.