தமிழில் வைத்தியம் கற்பித்த டாக்டர் கிரீன்

வைத்திய சாஸ்திரத்தைத் தமிழில் கற்பிக்க முடியுமா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. கேட்போரில் பெரும்பாலோர் நன்றாகப் படித்தவர்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இக்கேள்விக்கு 150 வருஷங்களுக்கு முன்பே செய்கையினால் விடையளித்துவிட்டுப் போனவர் ஒருவர் உண்டு. அவர் தமிழரல்லர், இந்தியருமல்லர். அமெரிக்காவில் பிறந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்ட ஸாமுவேல் பிஸ்க் கிரீன் என்பவரே அவர். யாழ்ப்பாணத்தில் அவருடைய பெயர் பிரசித்தமானது. பாக்கு நீரிணைக்கு இப்பால் மேடைதோறும் தமிழ்ப் பற்றைப் பேசிவரும் ஊழியர்களில் எத்தனை பேர் அவரை அறிவார்கள் என்பது சந்தேகமே. ஆகவே அவருடைய சரித்திரத்தைச் சற்று விரிவாக இங்கு எழுத முற்படுகிறோம்.

கிரீன் 1822-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 10-ந் தேதி, மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் வூஸ்டர் நகரை அடுத்த கிரீன் ஹில் என்னும் பண்ணையில் பிறந்தார். குடும்பம் பெரியது, உடன்பிறந்தோர் பலர். அவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ கிரீன், நியூயார்க் மாநகரத்தின் அமைப்பையே மாற்றியவர் என்று பிற்காலத்தில் கீர்த்தி பெற்றார். அண்ணன் உலகத்தின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றைக் கட்டுவித்தார். தம்பி, அந்நகரத்தார் பெயரும் கேட்டறியாத ஒரு பனை நாட்டுக் கிராமத்திற்கு வந்து சேர்ந்தார். 1845-இல் நியூயார்க் வைத்தியக் கலாசாலையில் பட்டம் பெற்ற அவர், 1847 ஏப்ரலில் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறி, அவ்வருஷ அக்டோபரில் யாழ்ப்பாணம் அடைந்தார். அவர் புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்புதான், அதே பாஸ்டன் நகரில், ஈதர் என்னும் மயக்க மருந்தைக் கொடுத்து நோவின்றி ரண சிகிச்சை செய்யலாம் என்பது பலர் முன்னிலையில் நிரூபிக்கப்பட்டிருந்தது. வைத்திய சாஸ்திரம் புதுமைமேல் புதுமையாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. நேயர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னே இதைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்திற்கு வந்த முதல் அமெரிக்க வைத்தியர் கிரீன் அல்லர். அமெரிக்க மிஷனரிமார் 1816-ஆம் வருஷத்திலேயே அங்கே காலூன்றியவர்கள். டாக்டர் ஸ்கட்டர் அவருக்கு ஏறக்குறைய முப்பது வருஷங்களுக்கு முன்னமேயே பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார். அவருக்குப் பிறகு டாக்டர் வார்டு வந்தார். இவர்கள் நோயாளிகளைக் கவனித்தார்கள். பலரைப் பிழைக்க வைத்தார்கள். கிரீனுடைய எண்ணம் இதற்கு மேற்பட்டதாக இருந்தது. ஒரு வைத்தியர் எவ்வளவு உழைத்தாலும் ஒரு நாளில் இத்தனை பேரைத்தான் பார்க்க முடியும். அவர் நோயுற்றாலோ, ஊருக்குத் திரும்பினாலோ, கதவு மூடப்பட்டுவிடும். அந்த ஊர்ப் பிள்ளைகளையே வைத்தியர்களாக்கிவிட்டால் மூடுவதற்குக் கதவே இராது. வட்டுக்கோட்டையிலிருந்து மானிப்பாய்க்கு மாறிய அவர், 1848-இல் அங்கே நோயாளிகளைப் பார்ப்பதோடு விரல்விட்டு எண்ணத்தக்க சில மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு வகுப்பையும் தொடங்கினார். இலங்கைத் தீவில் மேனாட்டு வைத்தியம் ஒழுங்காகக் கற்பிக்கப்பட்ட முதல் இடம் அதுவே. கொழும்பில் சர்க்கார் வைத்தியக் கலாசாலை 1870-இல்தான் ஏற்பட்டது.

முதலில் அவரும் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அதன் பலனை அவர் கண்ணெதிரே கண்டார். நன்றாகப் படித்துத் தேறிய மாணவன் கிராமத்தில் தங்கவில்லை. அவன் கற்றது வைத்தியம் மட்டுமன்று, ஆங்கிலமும் கற்றான். ஆங்கிலம் கற்றவனுக்குச் சர்க்கார் உத்தியோகம் காத்துக்கொண்டிருந்தது. வேட்டியும் சால்வையும் போய்ச் சட்டையும் தொப்பியும் வந்தன. நோயாளி மானிப்பாயிலே கிடக்க, வைத்தியன் தூர தேசத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான். இதைக் கண்டு கிரீன் மனம் வருந்தினார். தமிழர் கிறிஸ்தவராக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் தமிழர் ஆங்கிலேயராக வேண்டும் என்று அவர் ஒருபோதும் விரும்பியதில்லை. தம் மாணவர் அந்நிய உடை தரிப்பதை அவர் கண்டித்தார். நம்மவர் பலர் அக்காலத்தில் தொப்பியணிவதை நாகரிகம் என்று கருதியிருக்க, தொப்பியணிந்தே பிறந்த நாட்டவர் ஒருவர் அது வேண்டாமென்றார் என்பது விநோதமே.

1850-ஆம் வருஷங்களின் நடுவில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிப்பது. அதற்கு வேண்டிய நூல்களைத் தாமே ஆக்குவது. ஏறக்குறைய இதே சமயத்தில், 1855-இல், அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் தலைவர்கள் வட்டுக்கோட்டைக் கலாசாலையை மூடிவிட்டனர். சி. வை. தாமோதரம் பிள்ளை போன்ற பேரறிஞரைத் தந்த கலாசாலை அது. அங்கே கற்றவர்கள் உத்தியோகம் தேடிப் போகிறார்கள் என்பதும், மதத்திற்குப் பயன்படவில்லை என்பதும் மூடுவதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மிஷன் தலைவர்கள் செய்தது உயர்ந்த கல்வியின் வாயிலை அடைத்தது. கிரீன் செய்தது அவ்வளவு உயர்ந்த கல்வியையே தமிழுக்குள் கொண்டுவந்தது. தமிழ் போதும் என்று சொல்லிக் கல்வியைக் குறைப்பது ஒன்று. கல்வியைக் குறைக்காமல் தமிழை அதற்குத் தக்கதாக ஆக்குவது வேறொன்று. தாய்மொழியைப் பற்றிப் பேசும் நமது நண்பர்கள் இந்த வித்தியாசத்தை எப்போதும் நினைவில் வைப்பதில்லை.

முதலில் கட்டர் என்பவர் எழுதிய தேகக்கூறு, சுகாதார நூல் தமிழாயிற்று. 1857-இல் மான்ஸெல் என்பவருடைய பிரசவ வைத்திய நூல் வெளிவந்தது. கிராமத்தில் முதலில் வேண்டியது எது என்பதை அவர் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார் என்பதற்கு இந்த வரிசையே சாக்ஷி. அவ்வருஷம் அமெரிக்கா சென்ற அவர், 1862-இல் விவாகம் செய்துகொண்டு மனைவியுடன் திரும்பினார். 1864-இல் முழுதும் தமிழிலேயே நடைபெறும் வைத்திய வகுப்பு தொடங்கிற்று. 1867-இல் இரண வைத்தியம், 1872-இல் கிரே என்பவருடைய புகழ்பெற்ற நூலின் தமிழாக்கமான மனுஷ அங்காதிபாதமும், நோய் தீர்க்கும் முறைகளைக் கூறும் வைத்தியாகரமும், 1875-இல் கெமிஸ்தம், 1883-இல் மனுஷ சுகரணம். எல்லாம் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேற்பட்டவை. இவற்றையெல்லாம் கிரீன் தனியே செய்தார் என்று எண்ணுவது தவறு. டான்போர்த், சாப்மன் என்று அந்நியப் பெயர் பூண்ட மாணவர்கள் அவருக்குப் பெருந்துணையாக நின்றனர். பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். அவர்கள் அசல் யாழ்ப்பாணத் தமிழர்கள். படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுவது அக்காலத்து மிஷன் பள்ளிக்கூட வழக்கம். கெமிஸ்தத்தை மொழிபெயர்த்தவர் சுவாமிநாதன் என்னும் தமிழர்.

பரிபாஷைச் சொற்களைப் பற்றி அவர் கொண்ட முறை நம்மவர் சிந்திக்கத்தக்கது. ஒரு பொருளுக்குத் தமிழில் வழங்கும் சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுவார். இல்லையேல் வடமொழியை நாடுவார். அங்கும் பொருந்துவது அகப்படாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாவுக்கு ஏற்றபடி திருத்தி எடுத்துக்கொள்வார். கெமிஸ்தம் என்ற பெயரே இதற்கு உதாரணம். அச்சொல் நமது காதுக்கு இன்று நகைப்பைத் தரலாம். அங்காதிபாதம், சுகரணம் முதலியவை வழக்கிழந்தும் போயின. அதனால் குறையொன்றுமில்லை. சொல் எதுவாயினும் அது மாணவனுக்கு விளங்கவேண்டும், எங்கும் ஒன்றேபோல் வழங்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். அதற்காகத் துறைதோறும் சொற்றொகுதிகளையும் அச்சிட்டார். சேலத்தில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரும் நண்பர்களும் தமிழில் சாஸ்திர பரிபாஷைக்காகச் சங்கம் கண்டது 1916-இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மானிப்பாயில் இந்த வேலை நடந்தது. சொல் சேகரித்த பின் நூல் எழுதுவோம், நூல் வந்த பின் வகுப்பு நடத்துவோம் என்று அவர் காத்திருக்கவில்லை. வகுப்பும் நூலும் சொல்லும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சேர்ந்தே வளர்ந்தன.

அவரிடம் குறைகளும் இருந்தன. வைத்தியத்தை மதப் பிரசாரத்தின் வாயிலாகவே அவர் கண்டார். செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் தோன்றிய நாடு யாழ்ப்பாணம். பரம்பரை வைத்தியர்கள் ஊர்தோறும் இருந்தனர். அவர்களிடம் கற்கத்தக்கது பெரிதாக ஏதும் இருப்பதாக அவர் எண்ணவில்லை. பாஷை விஷயத்தில் அவ்வளவு பரந்த மனமுடையவர், வைத்திய விஷயத்தில் குறுகியே நின்றார். நாட்டு மருந்துச் சரக்குகளின் குணத்தை அவரும் மாணவரும் ஆராயாமல் இல்லை. ஆயினும் வைத்தியரோடு கலந்து உறவாடியிருந்தால் இன்னும் எவ்வளவோ செய்திருக்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.

அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் தேர்ச்சி பெற்றனர். தமிழில் கற்றவன் தமிழ்நாட்டுக் கிராமத்தைத் தவிர வேறெங்கே போவான்? ஊராரிடம் பெறும் கூலியைக் கொண்டு ஊரிலேயே பிழைக்கத்தக்கவர்களாக அவர்களை உருவாக்க வேண்டும் என்பதே கிரீனுடைய எண்ணம். 1978-இல் ஆல்மா ஆட்டா நகரில் கூடிய உலக நாடுகள், ஆரம்ப சுகாதாரம் என்பது மக்கள் வாழும் இடத்திலேயே, அவர்களால் ஏற்கத்தக்க முறையில், அவர்களுக்குள்ளிருந்தே பயிற்சி பெற்றோரைக் கொண்டு நடைபெற வேண்டும் என்று தீர்மானித்தன. மானிப்பாய் வகுப்பின் நோக்கமும் இதுவே.

பிறகு என்ன நேர்ந்தது? உடல் தளர்ந்து கிரீன் 1873-இல் தாய்நாடு திரும்பினார். தமிழ் வகுப்பு அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. கொழும்பில் ஆங்கிலக் கலாசாலை பெருகிற்று. நூல்கள் அலமாரியில் நின்றன. இங்கேதான், வைத்திய சாஸ்திரம் மாறிக்கொண்டிருந்தது என்று முன்னர்ச் சொன்னதை நேயர்கள் நினைவுகூர வேண்டும். இரண வைத்தியம் தமிழில் அச்சேறிய அதே 1867-இல், காயத்தைக் கிருமி அணுகாமல் காக்கும் முறையை லிஸ்டர் இங்கிலாந்தில் வெளியிட்டார். க்ஷயரோகக் கிருமியை 1882-இல் கோக் கண்டறிந்தார்; வாந்திபேதிக் கிருமியைப் பற்றிக் கல்கத்தாவிலிருந்து அவர் அறிவித்தது 1884-இல். பத்து வருஷங்களுக்குள் வைத்தியம் தலைகீழாக மாறிற்று. ஆங்கில நூல்கள் பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்பட்டன. தமிழ் நூல்களைத் திருத்துவார் இல்லை. தமிழில் வைத்தியம் முடியாது என்பதற்கு மானிப்பாயைக் காட்டுவோர், முடியாமற் போனது பாஷையினால் அல்ல, தொடர்ந்து செய்வாரின்மையினால் என்பதை மறைத்துவிடுகின்றனர்.

கிராமத்தில் தொண்டு செய்யும் செவிலிக்கும், தாதிக்கும், மருந்து கலப்போனுக்கும் ஒரு நூல் ஒருமுறை கொடுத்தால் போதாது. மருந்தின் அளவு மாறுகிறது. தடுப்பூசியின் காலம் மாறுகிறது. நேற்று நல்லதென்றது இன்று ஆபத்தென்று தெரிய வருகிறது. அச்செய்தி அவள் தடுமாறாமல் படிக்கக்கூடிய பாஷையில், காலம் தவறாமல் அவளிடம் போய்ச் சேர வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளவர் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கொள்ளலாம். அவளுக்கு நடுராத்திரியில் கேட்பதற்கு ஒருவருமில்லை. கிரீன் சொற்றொகுதி அச்சிட்டதும், பிரசவ நூலை முன்னே வைத்ததும் அப்படிப்பட்ட ஒருவரை மனத்திற் கொண்டே. நமது மாகாண சபைகளிலும் சர்வகலாசாலைகளிலும் தமிழுக்காகச் செலவாகும் பணத்தில் இதற்கென்று எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்று கேட்க நமது ஊழியர்களுக்கு உரிமையுண்டு.

வூஸ்டர் சேர்ந்த பின்னும் கிரீன் ஓய்ந்திருக்கவில்லை. நோயுற்ற உடலோடு, தமிழ் பேசுவார் அருகில் ஒருவருமில்லாத அந்தக் குளிர் நாட்டில் உட்கார்ந்து, தமிழ் நூல் வேலையையே தொடர்ந்து செய்துவந்தார். மனுஷ சுகரணம் வெளிவந்தது அப்போதுதான். 1884 மே 28-இல், பிறந்த பண்ணையிலேயே காலமானார். சமாதிக் கல்லில் தம் பெயரும் வருஷமும் தவிர, தாம் தமிழர்களுக்கு வைத்திய ஊழியர் என்பதையும், தம் தெய்வ நம்பிக்கையையும் மட்டும் பொறிக்கும்படி முன்னமேயே சொல்லிவைத்திருந்தார்; அவ்விதமே பொறிக்கப்பட்டது. அவர் பிறந்த பண்ணை இன்று அவ்வூராரின் பொதுப் பூங்கா. மானிப்பாயில் அவர் தொடங்கிய வைத்தியசாலை, உள்நாட்டு யுத்தத்தில் பெரிதும் நலிந்தும், அவருடைய பெயரைத் தாங்கி இன்றும் நடைபெற்று வருகிறது.