நாற்பது டாலர்

1862ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெரும் பதிப்பாளராக விளங்கிய ஜேம்ஸ் ஃபீல்ட்ஸ் ஒரு பெண்ணுக்கு 40 டாலர் கடன் கொடுத்தார். அந்தப் பெண் அவரிடம் கதை கொண்டுவந்தவர். ஆனால் கொடுத்த பணம் கதைக்கு அல்ல! சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வைக்க, நாற்காலி மேசை வாங்க! எழுத்து அவருக்கு வராது, ஆசிரியர் வேலையே அவருக்கு ஏற்றது என்பது பதிப்பாளர் அளித்த தீர்ப்பு.

தீர்ப்பைப் பெற்றவர் லூயிசா மே ஆல்காட் அம்மையார். உலகின் பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்ட ‘லிட்டில் விமன்’ என்ற நாவலின் ஆசிரியை.

அவர் பிறந்தது 1832 நவம்பர் 29 அன்று, பென்சில்வேனியா மாநிலத்து ஜெர்மன்டவுனில். நான்கு பெண்களில் இரண்டாமவர். தந்தை பிரான்சன் ஆல்காட், ஏழை உழவரின் மகன். ஊர் ஊராகச் சில்லறைச் சாமான் விற்றவர். தாமே கற்றுத் தேர்ந்து ஆசிரியர் ஆனவர். அவரைப் பற்றி நமக்கு இரண்டு கருத்து உண்டு. 1839இல் தம் பள்ளியில் ஒரு கருப்பினச் சிறுமியைச் சேர்த்தார். மற்றப் பெற்றோர் கொதித்தெழுந்தனர். அந்தச் சிறுமியை வெளியேற்று என்றனர். முடியாது என்றார் பிரான்சன். பிள்ளைகள் விலகினர், பள்ளியும் மூடப்பட்டது. நிறவெறி தலைவிரித்தாடிய நாட்டில், சோற்றுக்கு வழி போனாலும் கொள்கையை விடேன் என்று நின்ற அந்த மனிதரை நாம் வணங்குகிறோம். ஆனால், அதன் பிறகு அவர் வீட்டு அடுப்பில் பூனை உறங்கியதே, அதற்கு யார் பொறுப்பு? கூலிக்கு உழைப்பதே ஆன்மாவுக்கு இழுக்கு என்று கருதி, ஆண்டுக் கணக்கில் வருமானமின்றி அமர்ந்திருந்தவரும் இதே பிரான்சன்தான்.

1843இல் அவர் செய்த சோதனையைக் கேளுங்கள். இங்கிலாந்திலிருந்து வந்த சார்லஸ் லேன் என்பவர் பணம் போட, இருவரும் ஹார்வர்டு என்ற சிற்றூரில் ஒரு பண்ணை வாங்கினர். பெயர் ‘ஃப்ரூட்லாண்ட்ஸ்’. அங்கே இறைச்சி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. பருத்தி ஆடை கூடாது, அது அடிமைகளின் இரத்தத்தில் விளைந்தது. கம்பளி கூடாது, அது ஆட்டின் உடைமை. மாட்டை ஏரில் பூட்டுவதும் கொடுமை! பருத்தியைப் பற்றிய எண்ணம் உயர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் அத்தனை பேருக்கும் சமைத்தது யார்? துவைத்தது யார்? தைத்தது யார்? புதுமை உலகம் படைக்க வந்த ஆண்கள் தத்துவம் பேசினர். லூயிசாவின் தாய் அபிகேல் அம்மையாரின் முதுகு ஒடிந்தது. அறுவடை நேரத்தில் ஆண்கள் சொற்பொழிவாற்ற வெளியூர் போய்விட்டனர். புயல் வரும் அறிகுறி கண்டு, தாயும் பிள்ளைகளும் வாற்கோதுமையைக் கூடைகளிலும் துணிகளிலும் அள்ளிக் கொண்டுவந்து சேர்த்தனர் என்று லூயிசா பின்னாளில் ஒரு நையாண்டிக் கதையில் எழுதினார். ஏழு திங்களில் பண்ணை கலைந்தது. அப்போது அவருக்கு வயது பதினொன்று. வீட்டைக் காப்பாற்றப் போவது தந்தை அல்ல என்று அந்தப் பெண் அறிந்துகொள்ள இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

காங்கார்டு ஊரில் எமர்சன் தம் நூலகத்தைத் திறந்துவிட்டார். தோரோ காட்டையும் பறவையையும் காட்டிக் கற்பித்தார். அடிமைத் தளையறுத்து ஓடிவந்த ஒருவரைத் தம் வீட்டில் மறைத்துவைத்துப் பெற்றோர் காத்ததையும் லூயிசா கண்டார். அறிவுக்குக் குறைவில்லை, அரிசிக்குத்தான் குறைவு. குடியிருந்த வீடுகள் இருபதுக்கும் மேல்.

அந்தக் காலத்தில் படித்த பெண்ணுக்கு என்ன வேலை கிடைக்கும்? தையல், குழந்தைகளுக்குப் பாடம் சொல்லுதல், பணக்காரப் பெண்மணிக்குத் துணையிருத்தல், இல்லையேல் வீட்டு வேலை. லூயிசா அத்தனையும் செய்தார். 1851இல், பதினெட்டு வயதில், டெடாம் என்ற ஊரில் ஒரு கனவானின் வீட்டுக்கு, அவருடைய சகோதரிக்குத் துணையாகப் போனார். கனவானோ தம் அறைக்கு வந்து தம் பேச்சையும் கவிதையையும் கேட்டுக்கொண்டிருக்கச் சொன்னார். பெண் மறுத்தார். மறுத்த குற்றத்துக்குத் தண்டனை வந்தது. விறகு பிளக்க வேண்டும், பனி வார வேண்டும், கனவானின் காலணிக்கு மை பூச வேண்டும்! ஏழு வாரம் உழைத்தபின் கைக்கு வந்த கூலி 4 டாலர். அந்தப் பணத்தைக் குடும்பம் திருப்பி அனுப்பிவிட்டது என்று அவர் எழுதியிருக்கிறார். பட்டினி வீட்டார் பணத்தைத் திருப்பினார்கள் என்றால், அந்த நான்கு டாலர் எவ்வளவு சுட்டிருக்க வேண்டும்!

எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. முதல் நூலான பூக்கதைகள் 1854இன் கடைசியில் வெளிவந்தது. வருவாய் 30 டாலருக்குச் சற்று அதிகம். கருப்பின ஆணை மணக்கும் வெள்ளைப் பெண்ணைப் பற்றி 1860இல் ஒரு கதை எழுதினார், ஏற்க மறுத்தனர், மூன்றாண்டு கழித்தே அது அச்சேறியது. ஆனால் பழிவாங்கலும் சூழ்ச்சியும் நிறைந்த ஒரு கதைக்கு, பெயர் போடாமல் எழுதியதற்கு, 100 டாலர் பரிசு வந்தது! பிறகென்ன? ஏ. எம். பார்னர்டு என்ற புனைபெயரில் பரபரப்புக் கதைகள் எழுதிக் குவித்தார். அந்தப் பெயர் ஆணா பெண்ணா என்று காட்டாது. அது யாரென்ற இரகசியம் 1940களில்தான், இரண்டு பெண் ஆய்வாளர்களால், உடைந்தது. அந்தக் கதைகளில் வரும் பெண்கள் அடங்கி நடப்பவர்கள் அல்லர், ஆண்களை ஆட்டிவைப்பவர்கள். அவற்றைக் கூலிக்கு எழுதிய குப்பை என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை.

அடிமை முறையை ஒழிக்கும் போர் மூண்டபோது, பெண்ணாகப் பிறந்ததால் துப்பாக்கி ஏந்த முடியவில்லையே என்று ஏங்கியவர், 1862 டிசம்பரில் வாஷிங்டனை அடுத்த ஜார்ஜ்டவுன் மருத்துவமனைக்குச் செவிலியாகச் சென்றார். ஃப்ரெடரிக்ஸ்பர்க் போரில் சிதைந்த உடல்கள் வண்டி வண்டியாக வந்தன. ஆறு வாரத்தில் அவரையே டைஃபாய்டு காய்ச்சல் வீழ்த்தியது. கலோமெல் என்ற பாதரச மருந்தைக் கொடுத்தனர். பின்னர் வாழ்நாளெல்லாம் அவரை வாட்டிய நோய்க்கு அந்தப் பாதரசமே காரணம் என்று அவர் நம்பினார். வேறு நோயாகவும் இருக்கலாம் என்கின்றனர் பிற்கால மருத்துவர் சிலர். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களே 1863இல் நூலாயின. மக்கள் முதன்முறையாக அவர் பெயரைக் கவனித்தனர்.

ராபர்ட்ஸ் பிரதர்ஸ் பதிப்பகத்தின் தாமஸ் நைல்ஸ், பெண்பிள்ளைகளுக்கு ஒரு கதை வேண்டும் என்று கேட்டார். லூயிசாவுக்கு விருப்பமில்லை. ஆனால் தந்தையின் தத்துவ நூலை வெளியிடுவதும் அதே பதிப்பகத்தின் கையில் இருந்தது. எழுத உட்கார்ந்தார், 1868 மே மாதத்தில். தமக்கும் தம் சகோதரிகளுக்கும் நேர்ந்தவற்றையே எழுதினார். 1858இல் மாண்ட தங்கை எலிசபெத்தும் அதிலே உயிர் பெற்றாள். முதல் அத்தியாயங்களைப் படித்த பதிப்பாளருக்குச் சுவைக்கவில்லை. எழுதியவருக்கும் அதே ஐயம். படித்த சிறுமிகளோ மயங்கினர்! இலையுதிர் காலத்தில் வெளிவந்த 2,000 படிகளும் விரைவில் விற்றுத் தீர்ந்தன.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். நாவலை ஒரு தொகைக்கு விற்றுவிடலாம்; அல்லது உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, விற்கும் படிக்கு இவ்வளவு என்று பெறலாம். கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் எது இனிக்கும்? கைமேல் காசுதான். நைல்ஸ் நேர்மையாளர், உரிமையை விடாதே என்று அவரே சொன்னார். லூயிசா கேட்டுக்கொண்டார். அதன் பிறகு அந்தக் குடும்பத்தில் பசி இல்லை.

இரண்டாம் பாகம் 1869இல் வந்தது. நாயகி ஜோவைப் பக்கத்து வீட்டு இளைஞனுக்குக் கட்டிவைக்கும்படி வாசகச் சிறுமிகள் கடிதம் மேல் கடிதம் எழுதினர். பெண்ணுக்கு வாழ்வின் இலட்சியம் கல்யாணம் ஒன்றுதானா என்று அம்மையாருக்கு எரிச்சல்! ஜோ தனியாகவே வாழும் எழுத்தாளராக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பதிப்பகமும் வாசகரும் விடவில்லை. கடைசியில், யாரும் எதிர்பாராத வகையில், வயது முதிர்ந்த ஜெர்மன் பேராசிரியர் ஒருவருக்கு ஜோவை மணம் முடித்து வேடிக்கை பார்த்தார். லூயிசா அம்மையார் மணம் செய்துகொள்ளவே இல்லை.

பணம் வந்ததும் முதலில் கடன்கள் தீர்ந்தன, மருத்துவர் கடன் உட்பட. ஃபீல்ட்ஸின் 40 டாலரும் திரும்பிப் போயிற்று. ஓவியம் பயில விரும்பிய கடைசித் தங்கை மேயை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே இருந்தபோது அக்காள் ஆன்னாவின் கணவர் இறந்த செய்தி வந்தது. அந்த இரு சிறுவர்களின் பிழைப்புக்காக ரோம் நகரில் அமர்ந்து அடுத்த நாவலை எழுதினார். வலக்கை மரத்துப்போனால் இடக்கையால் எழுதினார். வேலைக்காரி, நடிகை, தையற்காரி என்று உழைத்து வாழும் பெண்ணின் கதையான ‘ஒர்க்’ 1873இல் வெளியாயிற்று. நமக்கு ‘லிட்டில் விமன்’ஐவிட அதுவே பிடித்தது, அது அதிகம் படிக்கப்படாதது வருத்தமே.

1879இல் மாசசூசெட்ஸ் மாநிலம், பள்ளிக் குழுத் தேர்தலில் மட்டும் பெண்கள் வாக்களிக்கலாம் என்று சட்டம் செய்தது. காங்கார்டில் முதலில் பெயரைப் பதிவு செய்தவர் லூயிசா. வீடு வீடாகப் போய்ப் பெண்களை அழைத்தார். பலர் வரவில்லை என்று மனம் நொந்தார். 1880 மார்ச் 29 அன்று ஊர்க்கூட்டத்தில் 20 பெண்கள் வாக்களித்தனர். பெண்கள் முதலில் வாக்களிக்கட்டும் என்று முன்மொழிந்தவர் வேறு யாருமல்லர், கிழவர் பிரான்சன்! அவர்கள் வாக்களித்து முடித்ததும், ஆண்கள் ஒருவரும் வாக்களிக்குமுன், வாக்குப்பதிவை முடித்துவிட்டார்கள். அன்றைய தேர்தல் முடிவு முழுக்க முழுக்கப் பெண்களின் முடிவு!

தங்கை மே 1879 டிசம்பரில், பிள்ளை பெற்ற சில வாரங்களில், பாரிஸ் அருகே மாண்டார். அந்தக் கைக்குழந்தையைக் கடல் கடந்து வரவழைத்து வளர்த்தார் லூயிசா. உடல் தேய்ந்துகொண்டே வந்தது. அன்றைய சட்டப்படி, நூலாசிரியர் மறைந்தபின் நூலுரிமையைப் புதுப்பிக்கும் உரிமை வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும்தான் உண்டு; மணமாகாப் பெண்ணின் உழைப்பு கேட்பாரற்றுப் போகும். எனவே 1887இல், வளர்ந்த இளைஞனாகிவிட்ட ஆன்னாவின் இளைய மகன் ஜானைச் சட்டப்படி மகனாக ஏற்றார். நூல்களின் வருவாயை அவனும், அவன் அண்ணனும், ஆன்னாவும், தாயில்லாக் குழந்தையும் பகிர்ந்துகொள்ள ஏற்பாடாயிற்று. 1888 மார்ச் 4 அன்று பிரான்சன் கண்மூடினார். இரண்டு நாள் கழித்து, ஐம்பத்தைந்தாம் வயதில், பாஸ்டன் நகரில் லூயிசாவும் மறைந்தார்.